மலைச் சைக்கிள் பெடல்: வாங்கும்போதும் மாட்டும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெடல் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் மூன்றைத்தான் பார்க்கிறார்கள்: நிறம், எடை, மேலே எத்தனை பின் (கால் வழுக்காமல் பிடிக்கும் சிறு முள்) நிற்கிறது என்பது. மூன்றுமே வெளியே தெரிகிற சங்கதிகள். பெடல் எத்தனை நாள் உழைக்கும் என்பதை உள்ளே இருக்கும் அச்சும் பேரிங்கும்தான் முடிவு செய்கின்றன. தார்ச்சாலையில் உட்கார்ந்து மிதிக்கிறவரை இது அவ்வளவாகத் தெரியாது. மலைப்பாதையில் எழுந்து நின்றபடி ஒரு பாறையிலிருந்து இறங்கும்போது உடம்பின் எடை முழுக்க, அதிர்ச்சியோடு சேர்ந்து பல மடங்காகி, இரண்டு பெடல்களில் வந்து விழுகிறது. அதைத் தாங்குவது ஒரு முனையில் மட்டும் கிராங்கில் (பெடல் மாட்டும் சுழல்கையில்) பிடிமானம் உள்ள ஒரு கம்பி, அதாவது அச்சு. மரை இருக்கும் இடத்தில் அதன் விட்டம் சுமார் 14 மில்லிமீட்டர். பெடலுக்குள் போகப் போக அது இன்னும் மெலிந்துவிடும்.

அதனால் பெடலை அச்சிலிருந்து தொடங்கி வெளிப்பக்கமாகப் பார்த்து வருவதுதான் சரியான வரிசை.

நல்ல பெடல்களில் அச்சு கிரோமோலி ஸ்டீலில் இருக்கும். இரும்போடு குரோமியமும் மாலிப்டினமும் சேர்த்து, சூடாக்கிப் பதப்படுத்திய உலோகம் இது. விலை மலிவான பெடல்களில் வெறுமனே 'ஸ்டீல்' என்று போட்டிருப்பார்கள், அல்லது எதுவுமே போட்டிருக்க மாட்டார்கள். இந்த ஒரு வார்த்தையைத் தேடிப் பார்க்காமல் வாங்குவது முதல் தவறு. இதற்கு நேர் எதிரான தவறு, கையில் காசு இருக்கிறதே என்று டைட்டானியம் அச்சுக்குப் போவது. டைட்டானியம் ஸ்டீலைவிட எடை குறைந்தது. அடர்த்தி ஸ்டீலுக்கு 7.8 என்றால் இதற்கு 4.5. ஆனால் அதன் விறைப்பும் ஸ்டீலில் ஏறக்குறைய பாதிதான். ஒரே தடிமனில் இரண்டு அச்சுகள் செய்தால், அதே சுமைக்கு டைட்டானியம் அச்சு இரண்டு மடங்கு வளையும். டைட்டானியம் அச்சுள்ள சில பெடல்களுக்கு ஓட்டுநரின் எடை இவ்வளவுக்குள் இருக்க வேண்டும் என்று தயாரிப்பாளரே வரம்பு போடுவது இதனால்தான். ஒல்லியான உடம்போடு நீண்ட ஏற்றங்கள் ஏறுகிறவருக்கு அது பொருந்தலாம். குதித்து இறங்கி ஓட்டுகிறவர், சில பத்து கிராம் மிச்சம் பிடிப்பதற்காக அதை மாட்ட வேண்டாம் என்பதே என் கருத்து.

பிளாஸ்டிக் என்றாலே மட்டம் என்று நினைப்பது

சைக்கிளோடு கடையில் தரும் பிளாஸ்டிக் பெடல்கள்தான் இந்த எண்ணத்துக்குக் காரணம். அவற்றின் பின்களும் பிளாஸ்டிக்கிலேயே வார்த்தவை. ஈரமானால் வழுக்கும், சில மாதங்களில் மழுங்கிவிடும். அவற்றையும் கண்ணாடி இழை கலந்த நைலானில் செய்த பெடலையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. ரேஸ் ஃபேஸ் செஸ்டர், ஒன்அப் காம்போசிட், கிராங்க்பிரதர்ஸ் ஸ்டாம்ப் 1 ஆகியவை இந்த இரண்டாம் வகை. வெளிக்கூடு நைலான், அச்சு ஸ்டீல், பின்கள் கழற்றி மாட்டக்கூடிய ஸ்டீல். மூன்றும் ஜோடிக்கு 400 கிராமுக்குள் நிற்கும். பல அலுமினியப் பெடல்களைவிடக் குறைவு.

நைலானுக்கு ஒரு தனி நன்மை உண்டு. ஓட்டத்தில் பெடல் பாறையில் இடித்தால் நைலான் உராய்ந்து வழுக்கிக்கொண்டு போய்விடும். அலுமினியம் கல்லில் கொத்திக்கொண்டு நிற்கப் பார்க்கும். அந்த ஒரு நொடித் தடங்கல் ஆளைக் கீழே தள்ளப் போதும். இடி வாங்கிய நைலான் பெடலின் ஓரம் பிசிறு பிசிறாகப் பார்க்க அசிங்கமாக இருக்கும். அதைப் பார்த்துப் பெடல் போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். உள்ளே அச்சு நேராக இருந்து, கூட்டில் விரிசல் இல்லாமல் இருந்தால் போதும், தாராளமாக ஓட்டலாம்.

நைலானில் பார்க்க வேண்டியது பின் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பது. பிளாஸ்டிக்கிலேயே மரை வெட்டி அதில் நேராகத் திருகியிருந்தால், ஒரு நல்ல அடியில் பின்னோடு மரையும் பிய்த்துக்கொண்டு வரும். பின்னை மறுபக்கத்திலிருந்து நட்டு வைத்துப் பிடித்திருந்தால் அந்தக் கவலை இல்லை.

இனி அலுமினியத்துக்கு வருவோம். அட்டைப்பெட்டியில் 'அலாய்' என்று போட்டிருப்பதால் ஒன்றும் தெரியப் போவதில்லை. உருக்கிய அலுமினியத்தை வார்ப்பு அச்சில் ஊற்றி வார்த்த பெடலும் அலாய்தான். 6061 என்ற தர அலுமினியக் கட்டையை, கணினி இயக்கும் சி.என்.சி. வெட்டு இயந்திரத்தில் குடைந்தெடுத்த பெடலும் அலாய்தான். வார்ப்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் தங்கிவிடும். விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். கிளம்பினால் வளைந்து எச்சரிக்காமல் சட்டென்று உடையும். 6061-இல் குடைந்தெடுத்த பெடல் பெரும்பாலும் முதலில் நசுங்கும், வளையும். உங்களுக்குப் பார்த்துத் தெரிந்துகொள்ள அவகாசம் கொடுக்கும். கையில் எடுத்துப் பார்த்தாலே வித்தியாசம் பிடிபடும்: வார்த்ததில் ஓரங்கள் உருண்டையாக, வார்ப்பு அச்சின் இரண்டு பாதிகள் சேர்ந்த கோடு மெல்லியதாகத் தெரியும். குடைந்ததில் ஓரங்கள் கூராக, வெட்டுக்கருவியின் நுண்ணிய கோடுகளோடு இருக்கும். பவுடர் பெயின்ட் தடிமனாக அடித்திருந்தால் இது மறைந்துவிடும். அப்படிப்பட்ட பெடலை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

மெக்னீசியம் பெடல்களும் விற்கின்றன. அலுமினியத்தைவிட இன்னும் எடை குறைவு, அடர்த்தி 2.7-க்கு எதிரே 1.7. ஆனால் மேல்பூச்சு கீறிவிட்டால் அரிப்பு சீக்கிரம் பிடிக்கும். உப்புக்காற்றுள்ள ஊர்களிலும், உள்ளே ஸ்டீல் அச்சு தொடும் இடங்களிலும் இன்னும் வேகமாக அரிக்கும். சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் மாதிரிக் கடலோர ஊர்களில் இருக்கிறவர்களுக்கு இது வேண்டாம்.

விரலால் சுற்றிப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது

கடையில் பெடலை விரலால் சுண்டிவிட்டு, நிற்காமல் சுற்றினால் 'பேரிங் சூப்பர்' என்று வாங்குவது எல்லா ஊரிலும் நடக்கிறது. உண்மையில் அந்தச் சுற்றலுக்குப் பெரிய அர்த்தம் இல்லை. உள்ளே கிரீஸ் குறைவாக இருந்தாலும், தூசியைத் தடுக்கும் ரப்பர் சீல் சரியாக அழுத்திப் பிடிக்காவிட்டாலும் பெடல் அழகாகச் சுற்றும். நல்ல சீலும் நிறைய கிரீஸும் உள்ள புதுப் பெடல் அரைச் சுற்றிலேயே நின்றுவிடலாம். நீங்கள் மேலே ஏறி நிற்கும்போது அந்தச் சிறு இறுக்கம் காலுக்குத் தெரியவே தெரியாது. தவிர, பிளாட் பெடல் (ஷூவைப் பூட்டாமல் வெறுமனே மிதிக்கும் வகை) காற்றாடி போலச் சுற்றிக்கொண்டிருந்தால் பள்ளத்தாக்கில் இறங்கும்போது நழுவிய காலை மறுபடி அதன் மேல் வைப்பது கஷ்டம்.

சோதிக்க வேண்டியது ஆட்டத்தை. அச்சை ஒரு கையில் இறுகப் பிடித்து, பெடலின் வெளி ஓரத்தை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். டக்டக்கென்று ஆடினால் பேரிங்கோ, அதன் இடத்தில் இருக்கும் குழாய் போன்ற புஷ்ஷோ தேய்ந்திருக்கிறது. புதுப் பெடலிலேயே அப்படி ஆடினால் வாங்க வேண்டாம். மெதுவாகத் திருப்பும்போது மணல் அரைபடுவது மாதிரி இருந்தால் உள்ளே அழுக்கு போயிருக்கிறது.

உள்ளமைப்பில் மூன்று வகை உண்டு. ஒன்று, நம் ஊர் சைக்கிள் கடைகளுக்கு நன்றாகப் பழகிய கப்பும் கோனும் பால்ஸும். பிரித்துக் கழுவி, கிரீஸ் வைத்து, ஆட்டத்தைக் கூட்டிக் குறைக்கலாம். ஷிமானோ இன்றும் தன் மலைச் சைக்கிள் பெடல்கள் பலவற்றில் இந்த முறையைத்தான் விடாமல் வைத்திருக்கிறது. ஒழுங்காகப் பராமரித்தால் வருடக்கணக்கில் ஓடும். இரண்டாவது, மூடிய கார்ட்ரிட்ஜ் பேரிங். தேய்ந்தால் தட்டி எடுத்துவிட்டுப் புதிது போட வேண்டியதுதான். மூன்றாவது, பால்ஸே இல்லாத வழுவழுப்பான புஷ். பல பிளாட் பெடல்களில் கிராங்க் பக்கம் புஷ்ஷும் வெளி முனையில் கார்ட்ரிட்ஜும் சேர்ந்து இருக்கும்.

இதில் ஒரு இடறல் உண்டு. மெல்லிய பெடல் நல்ல பெடல் என்று பரவலாக ஒரு நம்பிக்கை. 11 அல்லது 12 மில்லிமீட்டர் தடிமனுள்ள பெடல் பாறையில் இடிப்பது குறையும், கால் அச்சுக்கு நெருக்கமாக நிற்கும், அது உண்மைதான். ஆனால் அந்த ஒடுக்கமான இடத்துக்குள் பெரிய பேரிங் போக முடியாது. சின்ன பேரிங்கும் புஷ்ஷும் சீக்கிரம் தேயும். மழைக்காலத்தில் நீலகிரிச் சேற்றில் ஓட்டுகிறவர் வருடத்துக்கு ஒருமுறையாவது உள்ளே இருப்பதை மாற்ற வேண்டியிருக்கும். அதனால் பெடல் விலையைக் கேட்கும்போதே அதற்கான புஷ், பேரிங், சீல் தொகுப்பு தனியாகக் கிடைக்குமா என்று கேட்டுவிடுங்கள். கிடைக்காத பெடல் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஒரு முறை தேய்ந்ததும் குப்பைதான்.

அப்புறம், பிரஷர் வாஷரின் முனையை நேராகப் பெடலுக்கும் கிராங்குக்கும் நடுவே காட்டுகிற பழக்கம். சீல் வெளியிலிருந்து வரும் தூசியைத் தடுக்கச் செய்தது. அந்த வேகத்தில் வரும் தண்ணீர் அதைத் தாண்டி உள்ளே போய் கிரீஸை வெளியே தள்ளிவிடும். வாளித் தண்ணீரும் பிரஷும் போதும்.

பின்களும் மேல்தட்டும்

பின் எண்ணிக்கையைவிட அது எந்தப் பக்கத்திலிருந்து மாட்டியது என்பது முக்கியம். மேலிருந்து திருகும் பின்னின் ஆலன் கீ துளை, மிதிபடுகிற இடத்திலேயே இருக்கிறது. கல்லில் ஒரு முறை நசுங்கினால் சாவி உள்ளே போகாது, பின்னைக் கழற்ற முடியாது. எதிர்ப்பக்கத்திலிருந்து நுழைக்கும் பின்னில் சாவித்துளை பாதுகாப்பாக இருக்கும். மேல் முனை உடைந்தாலும் பின்பக்கத்திலிருந்து வெளியே எடுத்துவிடலாம்.

தட்டின் நடுப்பகுதி மேடாக இருக்கிறதா, குழிவாக இருக்கிறதா என்றும் பாருங்கள். அச்சு ஓடும் நடுப்பகுதி உப்பியிருந்தால் பாதம் அந்த மேட்டில் தள்ளாடும். குழிவாக இருந்தால் பாதம் அடங்கி உட்காரும். அளவும் காலுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். கிராங்க்பிரதர்ஸ் தன் ஸ்டாம்ப் பெடலை 100க்கு 100 மில்லிமீட்டர், 114க்கு 111 மில்லிமீட்டர் என்று இரண்டு அளவுகளில் செய்வது ஷூ அளவை மனதில் வைத்துத்தான். கூரான நீளப் பின்கள் மேல் மெத்தென்ற ஓடுவதற்கான ஷூவோடு ஏறினால் அடிப்பகுதி கிழியும், உள்ளங்காலும் வலிக்கும். முழங்காலுக்குக் கீழே குத்துமே என்று பயந்து பின்களைக் கழற்றிவிடுகிறவர்களும் உண்டு. கால் வழுக்குவதால்தான் அந்தக் குத்தே விழுகிறது. பின்னை அப்படியே இருக்க விட்டு, ஷின் கார்டு போடுங்கள்.

கிளிப் பெடல் (ஷூ பூட்டிக்கொள்ளும் வகை) பக்கம் ஒரு விஷயம் மட்டும். ஷிமானோ 1990-இல் எஸ்.பி.டி. முறையைக் கொண்டுவந்தது. அதன் கிளீட்டை (ஷூவின் அடியில் திருகும் உலோகத் துண்டை) வேறு நிறுவனத்தின் பெடலில் 'ஏறக்குறைய பொருந்துகிறதே' என்று போடக் கூடாது. அவசரத்தில் கழலாது, அல்லது வேண்டாத நேரத்தில் கழன்றுவிடும். கிராங்க்பிரதர்ஸ் கிளீட் பித்தளை என்பதால் சீக்கிரம் தேயும். அது தரக்குறைவு அல்ல. விலை கூடிய பெடல் தேயாமல் இருக்கக் கிளீட் தேய்கிறது. அதைப் பார்த்துப் பார்த்து மாற்ற வேண்டும்.

மாட்டும்போது

நல்ல பெடலை வாங்கிவந்து கிராங்கைக் கெடுத்துக்கொள்வது இங்கேதான். மலைச் சைக்கிள்களில் மரை பெரும்பாலும் 9/16 அங்குலம், அங்குலத்துக்கு 20 சுற்று. சில குழந்தைச் சைக்கிள்களின் ஒரே கம்பியில் வளைத்த கிராங்குக்கு 1/2 அங்குலம். ஒன்று மற்றதில் போகாது.

இடது பெடலுக்கு மரை தலைகீழ். இதைத் தெரிந்தவர்கள்கூடக் காரணத்தைத் தவறாகச் சொல்வதுண்டு. பேரிங்கின் உராய்வு பெடலை இறுக்கும் என்பார்கள். உராய்வு உண்மையில் கழற்றும் திசையில்தான் இழுக்கிறது. மிதிக்கும் சுமை, கிராங்க் சுற்றச் சுற்ற, அச்சை மரைத்துளையின் சுவரோடு உருட்டிக்கொண்டே போகிறது. அந்த உருளல் அச்சை எதிர்த்திசையில் மெல்ல மெல்லத் திருப்பும். அந்தத் திருப்பம் இறுக்கும் பக்கமாக அமைவதற்காகவே இடதுபக்க மரை மாறியிருக்கிறது. நினைவில் வைக்க எளிய வழி: ஸ்பேனரின் பிடி மேல்நோக்கி இருக்கும்போது, இரண்டு பக்கமும், முன் சக்கரத்தை நோக்கித் தள்ளினால் இறுகும், பின்னால் இழுத்தால் கழலும்.

மரையில் கிரீஸ் தடவி, முதல் மூன்று நான்கு சுற்றுகளை விரலாலேயே திருகுங்கள். விரலுக்கு இறுகினால் மரை கோணலாக ஏறுகிறது என்று அர்த்தம். வெளியே எடுத்து மறுபடி தொடங்குங்கள். அங்கே ஸ்பேனர் போட்டு வலித்தால் ஸ்டீல் அச்சு ஜெயிக்கும், அலுமினியக் கிராங்க் தோற்கும். முழுதாக உட்கார்ந்த பிறகு நன்றாகவே இறுக்க வேண்டும். ஷிமானோ சொல்லும் அளவு 35 முதல் 55 நியூட்டன் மீட்டர். குட்டி ஆலன் கீயால் அது வராது. கொஞ்சம் லூஸாக விட்ட பெடல் ஒவ்வொரு மிதிக்கும் அசைந்து அசைந்து மரையைத் தின்றுவிடும். கார்பன் கிராங்க் என்றால், தயாரிப்பாளர் கேட்டிருந்தால், நடுவே மெல்லிய வாஷர் போட மறக்காதீர்கள்.

விழுந்த பிறகு சிலர் பெடலின் வெளிப்பக்கத்தை மட்டும் துடைத்துவிட்டு ஏறிவிடுகிறார்கள். கிராங்கைப் பிடித்துக்கொண்டு பெடலை மெதுவாகச் சுற்றுங்கள். வெளி ஓரம் வட்டம் போட்டு ஆடினால் அச்சு வளைந்திருக்கிறது. கழற்றி, மரை முடிந்து தோள் (அச்சு தடிக்கும் இடம்) தொடங்கும் மூலையைத் துடைத்து வெளிச்சத்தில் பாருங்கள். விரிசல் அங்கேயும், அச்சின் தடிமன் சட்டென்று குறையும் படியிலும்தான் தொடங்கும். வளைந்த அச்சை வைஸில் பிடித்து நிமிர்த்தித் தரும் பட்டறைகள் உண்டு, நிமிர்த்தியும் தந்துவிடுவார்கள். பதப்படுத்திய ஸ்டீல் ஒரு முறை வளைந்து மறுபடி நிமிர்ந்தால் அந்த இடத்தில் களைத்துப்போயிருக்கும்; அடுத்த இறக்கத்தில் அங்கேயே முறியலாம். புது அச்சு தனியாகக் கிடைத்தால் மாற்றுங்கள், இல்லாவிட்டால் ஜோடியையே மாற்றுங்கள்.