பருவங்கள் ஏன் மாறுகின்றன: படத்திலும் பாடத்திலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரி முதல் வாரத்தில். அப்போது இடைவெளி ஏறக்குறைய 14.71 கோடி கி.மீ. மிகவும் தள்ளிப் போவது ஜூலை முதல் வாரத்தில், 15.21 கோடி கி.மீ. அதாவது மார்கழிக் குளிரில் நாம் போர்த்திக்கொண்டு தூங்கும் நாட்களில்தான் சூரியன் நமக்குக் கிட்டத்தில் இருக்கிறது. "கிட்ட வந்தால் கோடை, எட்டிப் போனால் குளிர்" என்ற விளக்கம் இங்கேயே அடிபட்டுப் போகிறது. அதே ஜனவரியில் சிட்னியில் கோடை. தூரம்தான் காரணம் என்றால் உலகம் முழுக்க ஒரே நேரத்தில் வெயில் கொளுத்த வேண்டும்.

அதற்காகத் தூரத்துக்கு எந்தப் பங்கும் இல்லை என்று அடுத்த கோடிக்குப் போய்விடவும் கூடாது. ஜூலையைவிட ஜனவரியில் பூமிக்கு ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதல் ஒளி கிடைக்கிறது. கணக்குப்படி தென் அரைக்கோளத்தின் கோடை நம்முடையதைவிடக் கடுமையாக இருக்க வேண்டும். ஆனால் அங்கே பெரும்பகுதி கடல். நீர் மெதுவாகச் சூடேறும், மெதுவாக ஆறும். அதனால் அந்தக் கூடுதல் வெளியே தெரிவதில்லை. செவ்வாயின் பாதை நம்முடையதைவிட நன்றாகவே நீள்வட்டம்; அங்கே பருவங்களைத் தூரமும் கணிசமாக மாற்றுகிறது. பூமியில் அது துணைக் காரணம் மட்டுமே. முதன்மைக் காரணம், பூமி தன்னைத்தானே சுற்றும் அச்சு சாய்ந்திருப்பதுதான்.

படத்தில் நடக்கும் தவறு

தூரக் குழப்பத்துக்குப் பாதிக் காரணம் நாம் வரைகிற படம். முட்டையைப் படுக்கவைத்தது போல ஒரு பாதை, நடுவில் சூரியன். இதைப் பார்க்கும் பிள்ளை வேறு எந்த முடிவுக்கு வரும்?

சரியாக வரைய ஓர் அளவு சொல்கிறோம். 1 செ.மீ. என்பது 1 கோடி கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். கவராயத்தில் 15 செ.மீ. விரித்து வட்டம் போடுங்கள். மையத்திலிருந்து 2.5 மி.மீ. தள்ளிச் சூரியனுக்குப் புள்ளி வையுங்கள். அவ்வளவுதான், பூமியின் பாதை வந்துவிட்டது. உண்மையான நீள்வட்டத்துக்கும் இந்த வட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மி.மீ.இல் ஐம்பதில் ஒரு பங்கு. பென்சில் கோட்டின் தடிமன் அதைவிட அதிகம். இதே அளவில் சூரியன் 1.4 மி.மீ. விட்டமுள்ள புள்ளி, பூமியோ கண்ணுக்கே தெரியாது. பாதையைச் சாய்வாகப் பார்க்கிற கோணத்தில் வரைந்தே ஆக வேண்டும் என்றால், படத்தின் கீழே "பாதை ஏறக்குறைய வட்டம், பக்கவாட்டிலிருந்து பார்ப்பதால் நீண்டு தெரிகிறது" என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.

இன்னொரு நுட்பமான தவறு உண்டு: "சாய்வினால் வட பகுதி சூரியனுக்கு அருகில் போகிறது, அதனால் வெயில்." சாய்வு என்று சொன்னதால் ஆசிரியரும் சரி போட்டுவிடுவார். ஜூன் 21இல் தென் துருவத்தைவிட வட துருவம் சூரியனுக்கு அருகில் இருப்பது உண்மைதான், ஆனால் வெறும் 5,000 கி.மீ. பாதையில் ஆண்டுதோறும் 50 லட்சம் கி.மீ. மாறுகிறதே, அதுவே பருவத்தை உண்டாக்கவில்லை. சாய்வு தூரத்தின் வழியாக வேலை செய்வதில்லை. கதிர் விழும் கோணம், பகலின் நீளம் என்ற இரண்டின் வழியாகத்தான் வேலை செய்கிறது.

கோணத்தைக் காட்ட ஒரு டார்ச்சும் வரைபடத் தாளும் போதும். 20 செ.மீ. உயரத்திலிருந்து நேர் கீழாக அடித்து, வெளிச்ச வட்டத்துக்குள் எத்தனை கட்டங்கள் என்று எண்ணுங்கள். பிறகு தாளோடு 30 பாகை வருமாறு டார்ச்சைச் சாய்த்து மீண்டும் எண்ணுங்கள். ஏறக்குறைய இரண்டு மடங்கு கட்டங்கள் வரும். அதே ஒளி இரண்டு மடங்கு பரப்பில் பரவியிருக்கிறது, ஒரு கட்டத்துக்குக் கிடைப்பது பாதி. சாய்க்கும்போது டார்ச்சைத் தூக்கிவிடுவதுதான் இங்கே நடக்கிற தவறு. தூரமும் கோணமும் சேர்ந்து மாறினால், எதைக் காட்ட வந்தோமோ அதுவே கலங்கிவிடும். தாளிலிருந்து டார்ச் வரை 20 செ.மீ. நூல் கட்டிவிட்டால் தொல்லையில்லை.

பூகோள உருண்டையை எடுத்துச் சுற்றும்போது

எல்லாக் குழப்பத்துக்கும் ஆணிவேர் இதுதான்: அச்சு ஆண்டு முழுவதும் வானில் ஒரே திசையைப் பார்த்தபடி இருக்கிறது, வட முனை துருவ நட்சத்திரத்துப் பக்கம். அது முன்னும் பின்னும் ஆடுவதில்லை. சூரியன் இருக்கும் பக்கம்தான் மாறுகிறது. "ஜூனில் பூமி சூரியனை நோக்கிச் சாயும், டிசம்பரில் எதிர்ப்பக்கம் சாயும்" என்று சொல்லும்போது, பூமி ஆறு மாதத்துக்கு ஒருமுறை தலையைத் திருப்புகிறது என்றே கேட்பவர் நினைத்துக்கொள்கிறார்.

வகுப்பில் செய்து காட்டும்போதும் இதே தவறு கையோடு வந்துவிடும். உருண்டையைத் தூக்கிக்கொண்டு விளக்கைச் சுற்றி நடக்கிறோம். உடம்பு திரும்பத் திரும்பத் தாங்கியும் திரும்புகிறது. வட துருவம் எப்போதும் விளக்கையே பார்க்கிறது. அப்படியொரு பூமியில் வடக்கே நிரந்தரக் கோடைதான்.

மூடி இல்லாத பல்பை, உருண்டையின் மையம் இருக்கும் உயரத்தில் வையுங்கள். மேலே தொங்கும் விளக்கு வேண்டாம். அது எல்லா நிலையிலும் வட பகுதிக்கே அதிக ஒளி தரும். விளக்கைச் சுற்றி 1 மீட்டர் ஆரத்தில் தரையில் சாக்பீஸ் வட்டம், அதில் நான்கு குறிகள். ஒரு சுவரைத் தேர்ந்தெடுத்து, அச்சின் வட முனை எப்போதும் அந்தச் சுவரின் மேல்பக்கத்தையே பார்க்கட்டும். நடப்பது இடஞ்சுழியாக. சுவருக்கும் உருண்டைக்கும் நடுவில் விளக்கு வரும் நிலை ஜூன். விளக்குக்கும் சுவருக்கும் நடுவில் உருண்டை வரும் நிலை டிசம்பர். சென்னை இருக்கும் இடத்தில் சிறு களிமண் உருண்டை ஒட்டி ஒரு குண்டூசியைச் செங்குத்தாக நட்டு, அதை நடுப்பகல் நிலைக்குத் திருப்புங்கள். ஜூனில் ஊசியின் நிழல் தெற்கே விழும், டிசம்பரில் வடக்கே விழும். அப்படி வரவில்லை என்றால் அச்சு எங்கோ திரும்பிவிட்டது.

மார்ச், செப்டம்பர் குறிகளில் "இப்போது அச்சு நேராகிவிட்டது" என்று சொல்பவர்கள் உண்டு. நேராகவில்லை. அதே 23.4 பாகைச் சாய்வுதான், ஆனால் சூரியனுக்குப் பக்கவாட்டில். இந்தச் சாய்வை எங்கிருந்து அளப்பது என்பதும் தேர்வில் மதிப்பெண் போகும் இடம். சுற்றுப்பாதைத் தளத்துக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து 23½ பாகை; தளத்திலிருந்து அளந்தால் 66½.

மார்ச், செப்டம்பரில் சூரியன் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே வரும் சம இரவு நாளில் பகல் துல்லியமாக 12 மணி நேரம் என்பதும் சரியில்லை. வளிமண்டலம் ஒளியை வளைப்பதாலும், சூரியனின் மேல் விளிம்பு தெரிந்ததுமே உதயம் என்று கணக்கிடுவதாலும், சென்னையில் அன்றைய பகல் சில நிமிடங்கள் கூடுதல். பகலும் இரவும் உண்மையில் சமமாவது மார்ச் இரண்டாம் வாரத்திலேயே.

நம் ஊருக்கு வரும்போது

ஜூன் 21இல் சென்னையில் சூரியன் தலைக்கு நேர் மேலே இருக்கும் என்று பலர் எழுதுகிறார்கள். சென்னை 13 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. அன்று சூரியன் 23½ பாகை வட அட்சமான கடகரேகைக்கு மேல். நமக்கு அது உச்சியிலிருந்து 10 பாகை வடக்கே தள்ளி நிற்கும். அந்த நாளில் டெல்லிக்காரருக்குத்தான் சூரியன் நம்மைவிட உச்சிக்கு அருகில், பகலும் நீளம். ஆனால் டெல்லியில் ஒருநாளும் சூரியன் நேர் உச்சிக்கு வராது. சென்னையில் ஆண்டுக்கு இரண்டு முறை வரும்: ஏப்ரல் 24 அல்லது 25, பிறகு ஆகஸ்ட் 18ஐ ஒட்டி. கன்னியாகுமரியில் ஏப்ரல் 10, 11 வாக்கிலும் செப்டம்பர் முதல் இரண்டு நாட்களிலும்.

பகல் நீளத்தில் நமக்கு மாற்றம் குறைவு: ஜூனில் ஏறக்குறைய 12 மணி 50 நிமிடம், டிசம்பரில் 11 மணி 20 நிமிடம். லண்டனில் அது 16½ மணிக்கும் 8 மணிக்கும் இடையே ஊசலாடுகிறது. ஆகவே வசந்தம், கோடை, இலையுதிர், குளிர் என்ற நான்கு கட்டப் படத்தை அப்படியே சென்னைக்கு ஒட்டுவது பொருந்தாது. நம் ஆண்டைப் பிரிப்பது மழையும் காற்றும். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்ற ஆறு பொழுதுகள் இங்கே எவ்வளவோ பொருத்தம். அந்தப் பருவக்காற்றுக்கும் மூலம் இதே சாய்வுதான். சூரியன் வடக்கே வரும்போது நிலம் கடலைவிட வேகமாகச் சூடாகிக் காற்றைத் தன் பக்கம் இழுக்கிறது. கத்திரி வெயில் மே மாதத்தில் வருவதற்கும், ஜூன் கடைசியில் உச்சம் தொடாததற்கும் இதில் விடை உண்டு: ஏப்ரல் கடைசியில் உச்சிச் சூரியன், நிலம் சூடேறச் சில வாரம், அதற்குள் தென்மேற்குப் பருவத்தின் மேகம்.

தை முதல் நாளில் சூரியன் வடக்கே திரும்புகிறது என்பது வழக்கத்தில் இருக்கும் கூற்று. வானில் திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22இல். தை முதல் நாள் நட்சத்திரப் பின்னணியை வைத்துக் கணக்கிடப்படுகிறது. அச்சின் திசையோ ஏறக்குறைய 26,000 ஆண்டுகளுக்கு ஒரு சுற்றாக மிக மெதுவாகச் சுழல்கிறது. அதனால் 70 ஆண்டுகளுக்குச் சற்று மேல் ஒரு நாள் வீதம் இரண்டும் விலகும். சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன் இரண்டும் ஒன்றாக இருந்தன. மாணவர் தேர்வில் ஜனவரி 14 என்று எழுதினால் தவறு, பண்டிகையில் தவறில்லை.

சூரியன் நேர் உச்சிக்கு வருவதால் நட்ட குச்சிக்கு நிழலே விழாத அந்த நிழலில்லா நாளைப் பார்க்கக் கிளம்புபவர்கள் சரியாக 12 மணிக்குக் குச்சியை நட்டு ஏமாறுகிறார்கள். இந்திய நேரம் 82½ பாகைத் தீர்க்கத்துக்கு உரியது, சென்னை அதற்கு மேற்கே. ஏப்ரல் 24ஐ ஒட்டிச் சூரியன் இங்கே உச்சி கடப்பது சுமார் 12.07க்கு, ஆகஸ்ட் 18ஐ ஒட்டி 12.13 வாக்கில். 11.55இலிருந்தே குறித்துக்கொண்டு வாருங்கள். குச்சி செங்குத்தா என்பதைத் தூக்குக்குண்டு வைத்துப் பாருங்கள்; 1 பாகை சாய்ந்தாலும் 1 மீட்டர் குச்சிக்கு 1.7 செ.மீ. நிழல் விழும்.