கீழ்வரியிலிருந்து படியுங்கள்: அமெரிக்கத் தேர்தல் தாக்கு விளம்பரத்துக்கு ஒரு வழிகாட்டி

சேலத்தில் உட்கார்ந்துகொண்டு அமெரிக்கத் தேர்தலைப் பற்றிப் பேச நீ யார் என்று கேட்கலாம். செவ்வாய்ப்பேட்டையில் அப்பா காலத்து அச்சகத்தை இப்போது நான்தான் நடத்துகிறேன். எல்லாக் கட்சிக்கும் பிட் நோட்டீஸ் அடித்திருக்கிறேன். அக்கா மகன் பிட்ஸ்பர்க் பக்கம் இருக்கிறான், குடியுரிமை வாங்கி ஓட்டும் போடுகிறான். பென்சில்வேனியா இழுபறி மாநிலம் என்பதால் தேர்தல் வந்தால் அவன் வீட்டுத் தபால் பெட்டி பளபள அட்டைகளால் நிரம்பிவிடும். அதில் முக்கால்வாசி, எதிராளியைத் திட்டுகிற அட்டைகள். படம் எடுத்து அனுப்பி, "சித்தி, இதில் எதை நம்புவது?" என்பான். அவனுக்குச் சொன்னதையும், வாட்ஸ்அப்பில் வரும் அமெரிக்க வீடியோக்களைப் பார்த்து நான் புரிந்துகொண்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

மேலே இருக்கிற கொட்டை எழுத்தை விட்டுவிட்டு, முதலில் அடியில் இருக்கிற பொடி எழுத்தைப் படியுங்கள். நம் ஊரில் தேர்தல் நோட்டீஸ் என்றால் அச்சிட்டவர், வெளியிடுபவர் இருவரின் பெயரும் முகவரியும் அதில் இருந்தாக வேண்டும். 1951-ம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், பிரிவு 127ஏ. வெளியிடுபவர் கையெழுத்துப் போட்ட உறுதிமொழியில் அவரைத் தெரிந்த இரண்டு பேர் சாட்சி போட வேண்டும். அடித்த நோட்டீஸோடு அது கலெக்டருக்குப் போக வேண்டும். மீறினால் ஆறு மாதம் வரை சிறை, 2000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒரு தேர்தலில் ராத்திரி ஷட்டரை இறக்கும் நேரத்தில் ஒருவர் வந்து, எதிர் வேட்பாளரின் குடும்ப விஷயம் ஒன்றைப் "பிரஸ் பேர் இல்லாம" அடித்துத் தரச் சொன்னார். கூலி இரண்டு மடங்கு. நான் மாட்டேன் என்றதும் அவர் வேறு தெருவுக்குப் போனார்.

அமெரிக்காவில் அச்சகத்தின் பெயரைச் சட்டம் கேட்பதில்லை, பணம் கொடுத்தவர் பெயரைக் கேட்கிறது. அதிபர், செனட், பிரதிநிதிகள் சபைத் தேர்தல் அட்டைகளில் அந்த வரி தனியாக ஒரு கட்டத்துக்குள் இருக்க வேண்டும். (சில அட்டைகளின் ஓரத்தில் கடுகளவில் ஒரு முத்திரை தெரியும். தொழிற்சங்கம் உள்ள அச்சகத்தில் அடித்தது என்று அர்த்தம். எங்கள் மெஷின்காரருக்கு அதை லென்ஸ் வைத்துத் தேடுவதில் தனி சந்தோஷம்.) கட்டத்துக்குள் வேட்பாளரின் பிரசாரக் குழுவின் பெயர் இருந்தால் அது அவருடைய சொந்தப் பேச்சு. அப்படி இல்லாமல் "எந்த வேட்பாளரின் அனுமதியும் பெற்றதல்ல" என்ற வாசகம் இருந்தால், வெளியார் குழு செலவு செய்திருக்கிறது. குழுவின் பெயரில் தேசம், குடும்பம், எதிர்காலம் என்று ஏதாவது நல்ல வார்த்தை இருக்கும். பெயரை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

இந்த வித்தியாசத்தை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், 2002-ல் அங்கே ஒரு சட்டம் வந்தது. டிவி விளம்பரத்தில் வேட்பாளரே முகம் காட்டி, இந்தச் செய்திக்கு என் ஒப்புதல் உண்டு என்று சொல்ல வேண்டும். தன் வாயால் சொல்ல வேண்டி வந்தால் கூச்சப்பட்டு வசை குறையும் என்று எதிர்பார்த்தார்கள். 2010-ல் உச்ச நீதிமன்றம் கம்பெனிகளும் சங்கங்களும் தனியாக எவ்வளவு வேண்டுமானாலும் செலவு செய்யலாம் என்று தீர்ப்புச் சொன்னது. அந்த ஆண்டே, வரம்பில்லாமல் பணம் திரட்டித் தனியாகச் செலவு செய்கிற சூப்பர் பேக் என்கிற வெளியார் குழுக்கள் கிளம்பின. இப்போது பல நேரம் வேட்பாளர் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சுகிறார், அடிக்கிற வேலையை வெளியார் பார்க்கிறார்கள்.

இது புதுசும் இல்லை. 1988 அதிபர் தேர்தலில் மூத்த புஷ்ஷை எதிர்த்து நின்றவர் மாசசூசெட்ஸ் மாநில ஆளுநர் டுகாகிஸ். அவர் மாநிலச் சிறையிலிருந்த வில்லி ஹார்ட்டன் என்ற ஆயுள் கைதி வார இறுதி விடுப்பில் போய்த் திரும்பாமல், மேரிலாந்தில் ஒரு வீட்டில் புகுந்து பாலியல் வன்முறை செய்தார். சம்பவம் உண்மை. அந்தக் கறுப்பினத்தவரின் சிறைப் புகைப்படத்தைத் திரை முழுக்கக் காட்டி டுகாகிஸைத் தாக்கிய விளம்பரத்தை ஒரு வெளியார் குழு வெளியிட்டது. புஷ்ஷின் சொந்தக் குழு வெளியிட்ட விளம்பரத்தில் கைதிகள் சுழல் கதவு வழியாக உள்ளே போய் வெளியே வருவார்கள். ஹார்ட்டன் பெயரே கிடையாது. முதலாவது ஏற்கெனவே மனதில் பதிந்திருந்ததால் இரண்டாவதற்குப் பெயர் தேவைப்படவில்லை. அந்த விடுப்புத் திட்டம் 1972-ல் புஷ்ஷின் சொந்தக் குடியரசுக் கட்சி ஆளுநர் காலத்தில் வந்தது என்பதை விளம்பரம் சொல்லவில்லை. கொலைக் கைதிகளுக்கு விடுப்பு கூடாது என்று 1976-ல் வந்த மசோதாவை டுகாகிஸ் தடுத்தார் என்பதும் உண்மைதான். அதனால் ஒரு விளம்பரத்தைப் பார்த்ததும் பொய்யா மெய்யா என்பதோடு, எதை வெட்டிவிட்டார்கள் என்றும் கேளுங்கள்.

அடுத்தது, டிவியில் வந்துவிட்டால் யாரோ சரிபார்த்திருப்பார்கள் என்று நினைக்காதீர்கள். நம் நாட்டில் தேர்தல் ஆணையத்தின் குழு முன்கூட்டியே சான்று கொடுத்தால்தான் கட்சி விளம்பரம் ஒளிபரப்பாகும். வேட்பாளரின் சொந்த நடத்தை பற்றித் தெரிந்தே பொய்யை வெளியிட்டால் தேர்தலே செல்லாமல் போகலாம். அங்கே நேர் எதிர். வேட்பாளர் கொடுக்கிற விளம்பரத்தில் ஒரு வார்த்தையைக்கூட ஒளிபரப்பு நிலையம் வெட்டக் கூடாது, பொய் என்று தெரிந்தாலும். வெளியார் குழுவின் விளம்பரத்தை மட்டும் நிலையம் மறுக்கலாம். தேர்தல் பொய்யைத் தண்டிக்க ஓஹியோ மாநிலம் வைத்திருந்த சட்டத்தைப் பேச்சுரிமைக்கு விரோதம் என்று 2016-ல் நீதிமன்றம் தள்ளிவிட்டது.

படத்துக்கு வருவோம், இது என் தொழில். எதிராளியின் போட்டோவில் கலரை உறிஞ்சிவிட்டுக் கறுப்பை ஏற்றுவார்கள். கண் பாதி மூடியிருக்கும், வாய் கோணியிருக்கும். புள்ளி புள்ளியாகத் தெரிந்தால், நல்ல போட்டோ கிடைக்கவில்லை என்று அர்த்தமில்லை. தேடிப் பிடித்துக் கெடுத்திருக்கிறார்கள். அதே அட்டையில் தங்கள் ஆளுக்கு வெயில், புல்வெளி, சுருட்டிய சட்டைக் கை. வீடியோ என்றால் சத்தத்தை நிறுத்திவிட்டு ஒரு தடவை பாருங்கள். இசை போனதும் பாதி பயம் போய்விடும்.

குற்றச்சாட்டுக்குப் பக்கத்தில் பொடியாக ஒரு மசோதா எண்ணோ தேதியோ இருந்தால் விடாதீர்கள். 2004 அதிபர் தேர்தலில் இளைய புஷ் தரப்பு, எதிர்த்து நின்ற செனட்டர் கெர்ரி 350 தடவைக்கு மேல் வரி உயர்வுக்கு ஓட்டுப் போட்டார் என்றது. பிரித்துப் பார்த்தால் அதில் வரியைக் குறைக்க மறுத்த ஓட்டுகளும், வேறு விதமான வரிக்குறைப்பை ஆதரித்த ஓட்டுகளும்கூடச் சேர்ந்திருந்தன. பெரிய எண் வந்தால் எதையெல்லாம் கூட்டினார்கள் என்று கேட்க வேண்டும். ஆனாலும் ஒன்று சொல்வேன்: இப்படி எண்ணோடு திட்டுகிற அட்டை, 'ஏழைகளின் தோழன், மண்ணின் மைந்தன்' என்று நான் வருடக்கணக்காக அடித்துக் கொடுத்த நோட்டீஸைவிட ஓட்டுப் போடுகிறவருக்கு அதிகம் உதவும். திட்டுக்கு ஆதாரம் தேவைப்படுகிறது, புகழ்ச்சிக்குத் தேவைப்படுவதில்லை. ஜான் கீர் என்ற அமெரிக்க அரசியல் ஆய்வாளரும் கிட்டத்தட்ட இதையே வாதிட்டிருக்கிறார்.

வீடியோவை ஃபார்வர்டு செய்வதற்கு முன் 1964-ஐ நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு சிறுமி பூவிதழ் பிய்த்து எண்ணுகிறாள். அது ராக்கெட் ஏவும் எண்ணிக்கையாக மாறி அணுகுண்டு வெடிக்கிறது. அதிபர் ஜான்சன் தரப்பு, எதிர்த்து நின்ற கோல்ட்வாட்டர் வந்தால் அணுப்போர்தான் என்று பயமுறுத்த எடுத்தது. கோல்ட்வாட்டர் பெயர் அதில் எங்கும் இல்லை. செப்டம்பர் 7 அன்று ஒரே ஒரு தடவைதான் காசு கொடுத்து ஒளிபரப்பினார்கள். மிச்சத்தைச் செய்தி நிகழ்ச்சிகள் இலவசமாகக் காட்டித் தீர்த்தன. இன்று அந்த இலவச வேலையை நம் குடும்ப குரூப்கள் செய்கின்றன.

அச்சுக்காரி என்பதால் இன்னொரு கதை. 1828-ல் ஃபிலடெல்பியாவில் ஜான் பின்ஸ் என்ற பத்திரிகைக்காரர், அதிபர் தேர்தலில் நின்ற முன்னாள் படைத்தளபதி ஆண்ட்ரூ ஜாக்சனின் உத்தரவால் சுட்டுக் கொல்லப்பட்ட ஆறு படைவீரர்களுக்காக ஆறு கறுப்புச் சவப்பெட்டிகளை வரிசையாக வைத்து நோட்டீஸ் அடித்தார். அதைப் படத்தில் பார்த்தேன். அந்தக் காலத்து மரக்கட்டை அச்சில் அவ்வளவு கறுப்பு மை சீராக விழுந்திருப்பது பெரிய விஷயம். ஜாக்சன் ஜெயித்துவிட்டார். ஆனால் அவர் மனைவியின் முதல் திருமணத்தைக் கிளறி அசிங்கப்படுத்திய பிரசாரமும் அப்போது நடந்தது. பதவியேற்புக்கு முன் டிசம்பரில் அவர் மனைவி இறந்தார். ஜாக்சன் எதிரிகளை மன்னிக்கவே இல்லை. இப்படித் திட்டுவதால் ஓட்டு நிச்சயம் கூடும் என்பதற்கு நம்பகமான சான்று இல்லை என்று 2007-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் எழுதினார்கள். அப்புறமும் விடாமல் திட்டுகிறார்கள்.

சரி, எங்கே சரிபார்ப்பது? ஃபேக்ட்செக், பாலிடிஃபேக்ட் என்ற உண்மை சரிபார்க்கும் இணையதளங்கள் இரண்டிலும் வேட்பாளர் பெயரையும் குற்றச்சாட்டையும் போட்டுத் தேடுங்கள். வெளியார் குழுவுக்குப் பணம் யாருடையது என்பதை அமெரிக்கத் தேர்தல் ஆணையமான எஃப்இசி தளத்தில் பார்க்கலாம். பணம் கொடுத்தவர் என்ற இடத்திலும் ஒரு சங்கத்தின் பெயரே இருந்தால், உண்மையான ஆள் பின்னால் ஒளிந்திருக்கலாம். மாநில, உள்ளூர்த் தேர்தல்களுக்கு விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

நமக்கு வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரம் பிரசாரம் ஓய்ந்துவிடும். அங்கே அப்படி ஓய்வு கிடையாது, வாக்குப்பதிவு நாளான செவ்வாய்க்கிழமை காலையிலும் விளம்பரம் ஓடும். கடைசி வெள்ளிக்கு மேல் முதல் தடவையாகக் கிளம்புகிற குற்றச்சாட்டு, எதிராளி பதில் சொல்ல நேரம் இருக்கக் கூடாது என்று கணக்குப் போட்டு வருவதாக இருக்கலாம். அந்த அட்டைகளைத் தனியாக எடுத்து வை, ஓட்டுப் போட்டுவிட்டு வந்து படி என்று அக்கா மகனிடம் சொல்லியிருக்கிறேன். படித்த பிறகு எனக்கு அனுப்பிவிடுவான். 300 ஜிஎஸ்எம் ஆர்ட் கார்டு, நல்ல அட்டை.