சிறு துணைக்கோளிலிருந்து ரிலே துணைக்கோளுக்கு லேசர் இணைப்பைத் திட்டமிடும் முறை

பினாங்கின் நிபோங் திபாலிலும் பாயான் லெப்பாசிலும் சிறு துணைக்கோள் வடிவமைப்பில் ஈடுபடும் நம் மாணவர்கள், லேசர் இணைப்பு என்றதும் எத்தனை வாட் ஆற்றல் தேவை என்றுதான் முதலில் கேட்கிறார்கள். கோணக் கணக்கை முடித்த பிறகே ஆற்றலைத் தொட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

2009-இல் ஏவப்பட்ட நம் மலேசியத் துணைக்கோளான ரசாக்சாட்டின் பாதையையே எடுத்துக்கொள்வோம்: 685 கிலோமீட்டர் உயரம், நிலநடுக்கோட்டை ஒட்டிய சுற்று. அங்கிருந்து, 35,786 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள புவிநிலை (தரையிலிருந்து பார்த்தால் ஒரே இடத்தில் நிற்கும்) ரிலே துணைக்கோள், அதாவது தரவை வாங்கித் தரைக்கு அனுப்பும் இடைத் துணைக்கோள், ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழ 60 விழுக்காடு நேரம் பார்வையில் இருக்கும். தரைநிலையத்துக்கு நேரே அனுப்பினாலோ ஒரு கடப்புக்குப் பத்து நிமிட அளவே கிடைக்கும். பினாங்கின் மேகமூட்டம் அதையும் மறித்துவிடும். ரிலேயிலிருந்து தரைக்கு வரும் பகுதியை மேகத்தை ஊடுருவும் கேஏ எனும் வானொலி அலைவரிசையிடம் விடுங்கள். 2016-இல் முதல் ரிலே ஏவப்பட்ட ஐரோப்பாவின் இடிஆர்எஸ் அமைப்பு, சென்டினல் புவிநோக்குத் துணைக்கோள்கள் சிலவற்றின் படங்களை இவ்வழியில் இறக்குகிறது.

இனி கோணம். 8 சென்டிமீட்டர் தொலைநோக்கியிலிருந்து புறப்படும் 1550 நானோமீட்டர் ஒளிக்கற்றை சுமார் 20 மைக்ரோரேடியன் (ரேடியன் எனும் கோண அலகின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரோரேடியன்) அகலம் கொண்டது. நேர் மேலே இருக்கும் ரிலேயை எட்டும்போது அது 700 மீட்டர் அகலத்துக்குத்தான் விரிந்திருக்கும். ஒளி போய்ச்சேரும் நேரத்தில் இரு துணைக்கோள்களும் நகர்ந்துவிடுவதால், வந்த ஒளியின் திசையிலேயே திருப்பி அனுப்பினால் கற்றை இலக்கைத் தவறவிடும். இரு துணைக்கோள்களுக்கு இடையிலான ஒப்புத் திசைவேகத்தில், பார்வைக் கோட்டுக்குக் குறுக்கான கூறை இரட்டித்து ஒளிவேகத்தால் வகுத்தால் முன்னோக்குக் கோணம் கிடைக்கும்: இப்பாதையில் ரிலேக்கு நேர் கீழே விநாடிக்கு 4.4 கிலோமீட்டர் என்பதால் ஏறத்தாழ 30 மைக்ரோரேடியன், அதாவது ஒரு கிலோமீட்டர் விலகல். துருவப் பாதையில் இது 50-ஐத் தாண்டும். சுற்று முழுவதும் இக்கோணம் மாறிக்கொண்டே இருப்பதால், பாதைத் தரவிலிருந்து நொடிதோறும் கணக்கிட்டு, அனுப்பும் ஒளிக்கென்று உள்ள தனிக் கண்ணாடியைத் திருப்ப வேண்டும்.

துணைக்கோளின் உடலைத் திருப்பியே இத்துல்லியத்தை எட்ட முடியாது, 0.01 பாகைப் பிழைகூட 175 மைக்ரோரேடியன். ஆகவே உடல் தோராயமாகக் குறிவைக்க, விரைந்து சாயும் சிறு கண்ணாடி மீதியைச் சரிசெய்யட்டும். ஆய்வகத்தில் நாற்பகுதி ஒளியுணரியின் (ஒளிப்புள்ளி எப்பக்கம் விலகுகிறது எனக் காட்டும் நான்கு பகுதி உணரி) நடுவில் ஒளிப்புள்ளியை நிறுத்திவிட்டு, துணைக்கோளின் உடலைத் திருப்பும் சுழல்சக்கரமான திசைச்சக்கரத்தின் வேகத்தை மெதுவாகக் கூட்டிப் பாருங்கள். சில வேகங்களில் சக்கரத்தின் அதிர்வால் புள்ளி திடீரெனத் துடிக்கும். அந்த வேகங்களைக் குறித்துக்கொண்டு, இணைப்பு நேரத்தில் அவற்றைத் தவிர்க்கும்படி மென்பொருளில் எழுதிவிடுங்கள்.

ஆற்றல் கணக்கை மிகத் தொலைவான 45,000 கிலோமீட்டருக்குப் போடுங்கள். அங்கே கற்றை 900 மீட்டராகிவிடுவதால், 25 சென்டிமீட்டர் வாங்கிக்குச் சேர்வது ஒரு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆயினும் ஒரு வாட் லேசரில், முக்கால் பங்கு இழப்பைக் கழித்த பிறகும், விநாடிக்கு ஒரு கிகாபிட் வேகத்தில் ஒரு பிட்டுக்கு 100-க்கும் மேற்பட்ட ஒளித்துகள்கள் எஞ்சும். நல்ல முன்பெருக்கி உள்ள வாங்கிக்கு அது போதும். துணைக்கோள் நெருங்குவதாலும் விலகுவதாலும் ஒளியின் அதிர்வெண் மாறும் டாப்ளர் விலகல் இரு பக்கமும் 4.5 கிகாஹெர்ட்ஸ் வரை போகும் என்பதால், வாங்கியின் வடிகட்டியை அந்த மொத்த வீச்சைவிடக் குறுக்கிவிடாதீர்கள்.