மலை இறக்கத்துக்கு ஏற்ற சைக்கிள்: வாங்குவதும் பராமரிப்பதும்

மலைச் சைக்கிள் வாங்கப் போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எத்தனை கியர் இருக்கணும்?" அடுத்தது, "பின்னாடியும் ஷாக் இருந்தா நல்லதுங்களா?" கடைகளிலும் இந்த இரண்டையும் சொல்லித்தான் விற்கிறார்கள். நான் இருப்பது மேட்டுப்பாளையம். ஓட்டுவது கோத்தகிரி, குன்னூர் பக்கத்து எஸ்டேட் மண்பாதைகளில். ஏறும்போது கியர் பற்றாவிட்டால் இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம், ஒன்றும் ஆகாது. இறங்கும்போது பிரேக் பற்றாவிட்டால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. அதனால் என் பட்டியல் எப்போதும் பிரேக், டயர், ஹெல்மெட் என்றுதான் தொடங்கும். பணம் மிஞ்சினால் மற்றவை.

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் வர 33 கிலோமீட்டர். அதற்குள் ஏறக்குறைய 1,450 மீட்டர் இறங்கிவிடுகிறோம். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ என்று வைத்துக்கொண்டால், அந்த இறக்கத்தில் வெளியாகும் ஆற்றல் சுமார் 12 லட்சம் ஜூல். மூன்றரை லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். அதில் ஒரு பங்கைக் காற்று வாங்கிக்கொள்ளும். மீதியில் பெரும்பகுதி போய்ச் சேருவது நகத்தளவு இருக்கும் நான்கு பிரேக் பேடுகளிலும் இரண்டு மெல்லிய டிஸ்க்குகளிலும்தான். பயந்து மெதுவாக இறங்குகிறவருக்குக் காற்றின் பங்கு குறைவு, பிரேக்கின் பங்கு அதிகம்.

இந்த விளையாட்டு பிறந்த கதையே பிரேக் சூட்டோடு ஒட்டியதுதான். 1976-ல் அமெரிக்காவில் கலிபோர்னியாவின் மரின் கவுண்டியில், பழைய பலூன் டயர் சைக்கிள்களை எடுத்துக்கொண்டு இளைஞர்கள் ஒரு மலைப்பாதையில் இறக்கப் பந்தயம் விட்டார்கள். அந்தச் சைக்கிள்களில், பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் பிரேக், பின்சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப்புக்குள் இருக்கும். கீழே வருவதற்குள் ஹப்பிலிருக்கும் கிரீஸ் வெந்து புகையாகப் போய்விடும். ஒவ்வொரு முறையும் பிரித்துப் புதுக் கிரீஸ் அடைக்க வேண்டியிருந்ததால் அந்தப் பாதைக்கே ரீபேக், அதாவது மறுபடி அடைப்பது, என்று பெயர் வந்தது.

பிரேக்

கம்பியால் இழுக்கும் கேபிள் டிஸ்க், ஆயில் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் டிஸ்க் இரண்டில் எது என்றால், பட்ஜெட் எட்டினால் ஹைட்ராலிக். ஒரு விரலில் பிடிக்கலாம், பேடு தேயத் தேய அதுவே சரிசெய்துகொள்ளும். நீண்ட இறக்கத்தில் கை மரத்துப்போகாது. ஷிமானோ, டெக்ட்ரோ கம்பெனிகளின் ஆரம்ப நிலை ஹைட்ராலிக் பிரேக்கே நம் பாதைகளுக்குத் தாராளமாகப் போதும். முன்சக்கரத்து டிஸ்க்கின் விட்டம் 180 மில்லிமீட்டராக இருக்கட்டும். 160-ஐவிட எட்டில் ஒரு பங்கு கூடுதல் பிடி கிடைக்கும், சூடும் சீக்கிரம் ஆறும். முன்சக்கரத்தைத் தாங்கும் கவையான போர்க் எந்த அளவு வரை ஏற்கும் என்று கடையில் கேட்டுவிட்டு மாற்றுங்கள்.

பேடில் இரண்டு வகை. ரெசின் பேடு சத்தமில்லாமல் நன்றாகப் பிடிக்கும், ஆனால் மழையிலும் சேற்றிலும் வேகமாகக் கரையும். மெட்டல் பேடு நீடித்து உழைக்கும், சூடு தாங்கும், கொஞ்சம் கத்தும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்தச் சரிவுகளில் ஓட்டுவதாக இருந்தால் மெட்டல்தான். ஆனால் வாங்கும் முன் டிஸ்க்கின் முகத்தைப் பாருங்கள். விலை குறைந்த டிஸ்க்குகளில் 'ரெசின் பேட் ஒன்லி' என்று பொறித்திருக்கும். அதில் மெட்டல் பேடு போட்டால் டிஸ்க்கைத் தின்றுவிடும். அப்படியானால் டிஸ்க்கையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

எங்கள் தெருத் தம்பி ஒருவன் பழைய சைக்கிள் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தான். "ஏனுங்ணா, பிரேக் புடிச்சா கீச்சுகீச்சுன்னு கத்துது, ஆனா நிக்க மாட்டேங்குதுங்க" என்றான். சக்கரத்தைக் கழற்றி, பேடுகளைப் பிடித்திருக்கும் காலிப்பருக்குள் இருந்த பின்னை நேராக்கி இழுத்து, பேடுகளை வெளியே எடுத்தோம். உராயும் முகம் கண்ணாடிபோல் பளபளத்தது. விரலால் தடவினால் வழுக்கியது. "டிஸ்க்குல ஏதாவது அடிச்சியா?" என்றேன். "பாலிஷ் ஸ்பிரே அடிச்சேங்ணா, துரு புடிக்கக் கூடாதுன்னு." அதுதான் விஷயம். எண்ணெய் குடித்த பேடைக் காப்பாற்ற முடியாது, புதிதாகத்தான் வாங்க வேண்டும். டிஸ்க்கை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த சுத்தமான துணியால், துணியில் கறுப்பு வராத வரை துடைத்தோம். எண்ணெய் படாமல், சூட்டில் மட்டும் பளபளத்துப்போன பேடு என்றால் உப்புத்தாளை மேசைமேல் வைத்து, முகமூடி போட்டுக்கொண்டு, லேசாகத் தேய்த்தாலே உயிர் வந்துவிடும்.

புதுப் பேடு போட்டதும் நேரே மலைக்குப் போகாதீர்கள். காலியான தெருவில் மிதமான வேகத்தில் ஓட்டி, சக்கரம் இறுகாமல், நடக்கும் வேகத்துக்குக் குறையும்வரை பிடித்து விடுங்கள். இருபது முறையாவது இதைச் செய்தால்தான் பேடின் மாவு டிஸ்க்கில் சீராகப் படியும். பிடி ஏறுவது கையிலேயே தெரியும்.

பேடில் உராயும் பொருள் 0.5 மில்லிமீட்டருக்கு வந்தால் மாற்று என்கிறது ஷிமானோ. மலையடிவாரத்தில் இருக்கிற நான் ஒரு மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுகிறேன். மேலே போகும்போது அரைகுறையாக இருந்த பேடு கீழே வரும்போது இருக்காது. டிஸ்க்கின் தடிமன் புதிதில் 1.8 மில்லிமீட்டர், தேய்ந்து 1.5 ஆனால் அதற்கும் ஓய்வு.

பிரேக் ஆயிலில் மட்டும் எந்தச் சமரசமும் வேண்டாம். ஷிமானோ, டெக்ட்ரோ, மகுரா எல்லாம் மினரல் ஆயில். எஸ்ராம் கம்பெனியில் பெரும்பாலான மாடல்கள் டாட் 5.1 என்ற வேறு வகை ஆயில், சில புதிய மாடல்கள் மினரல். லீவரிலோ கம்பெனிக் கையேட்டிலோ போட்டிருக்கும், பார்த்துவிட்டு ஊற்றுங்கள். ஒன்றுக்குப் பதில் மற்றது போனால் உள்ளே ரப்பர் சீல் கெட்டுவிடும். பைக் மெக்கானிக் "எல்லாம் ஒண்ணுதாங்க" என்று கார் பிரேக் ஆயிலை எடுத்தால் கையைப் பிடித்து நிறுத்துங்கள்.

இறங்கும்போது பிரேக்கை விடாமல் லேசாகத் தேய்த்துக்கொண்டே வருவது கெட்ட பழக்கம். வளைவுக்கு முன்னால் இரண்டையும் அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, விட்டுவிடுங்கள். விட்ட அந்த நேரத்தில்தான் டிஸ்க் ஆறுகிறது. லீவர் பஞ்சுபோல் அமுங்க ஆரம்பித்தால் ஓரங்கட்டி ஒரு டீ குடிக்கலாம். தண்ணீர் ஊற்றக் கூடாது, டிஸ்க் வளையும். தொட்டும் பார்க்கக் கூடாது.

டயர்

2.2 முதல் 2.4 அங்குல அகலம், ஓரத்தில் நல்ல ரப்பர் கட்டை இருக்கும் டயர் போதும். நடுவில் கோடுபோல் ஓடும் வழவழப்பான டயர் தார்ச்சாலைக்கு, ஈரத் தேயிலைத் தோட்டப் பாதைக்கு அல்ல. டயரைவிட முக்கியம் அதற்குள் இருக்கும் காற்று. பெட்ரோல் பங்கில் கல்போல் அடித்துக்கொண்டு போனால் எந்த டயரும் கல்லுக்குக் கல் துள்ளும். என் எடை 70 கிலோ. டியூப் போட்ட 2.25 டயரில் முன்னால் 28, பின்னால் 31 பிஎஸ்ஐ வைக்கிறேன். டியூப்லெஸ் என்றால் இன்னும் நான்கைந்து குறைக்கலாம். மீட்டர் உள்ள கைப்பம்பு ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

சமவெளிப் பக்கம் ஓட்டினால் சீமைக்கருவேல முள்ளுக்குத் தப்ப முடியாது. அங்கே டியூப்லெஸ் போட்டவர் நிம்மதியாக இருப்பார். உள்ளே இருக்கும் சீலண்ட் பால் சின்ன ஓட்டையை அதுவே அடைத்துவிடும். நம் வெயிலுக்கு அது சீக்கிரம் காய்ந்துவிடுவதால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை டயரைக் குலுக்கிப் பாருங்கள். சளசளவென்று கேட்க வேண்டும். டியூப் வைத்திருப்பவர்கள் பஞ்சர் ஒட்டியதும் அவசரப்பட்டு மாட்டாமல், கொஞ்சம் பஞ்சை எடுத்து டயரின் உட்புறம் முழுக்க ஓட்டுங்கள். உடைந்து உள்ளேயே நிற்கும் முள் நுனி கண்ணுக்குத் தெரியாது, பஞ்சு அதில் மாட்டி இழுபடும்.

ஷாக், செயின், மற்றவை

25,000 ரூபாய் பட்ஜெட்டில் பின்ஷாக் வைத்த சைக்கிளை வாங்கவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. எடை கூடும், மிதிக்கிற சக்தியை அது குடிக்கும், இணைப்புகள் ஓராண்டில் ஆட ஆரம்பிக்கும். அந்தப் பணம் பிரேக்குக்குப் போகட்டும். முன்னால் காற்று அடைத்த ஷாக் உள்ள ஏர் போர்க் கிடைத்தால் சந்தோஷம். உட்கார்ந்தால், அது முழுதாக அமுங்கும் தூரத்தில் ஐந்தில் ஒரு பங்கு அமுங்கும்படி காற்றை வையுங்கள், 100 மில்லிமீட்டர் போர்க்கில் 20. ஓட்டி முடித்ததும் அந்தப் பளபளக் குழாயைத் துணியால் துடைத்தாலே சீல் நெடுநாள் வரும்.

செயினுக்கு வண்டி எஞ்சின் ஆயில், தேங்காய் எண்ணெய் எதுவும் வேண்டாம். மண் ஒட்டி அரைக்கும் பசையாகிவிடும். செயின் லூப் என்றே விற்கிறது. துடைத்த செயினில் கண்ணிக்கு ஒரு சொட்டு, சிறிது நேரம் பெடலைச் சுற்றிவிட்டு, வெளியே இருப்பதைத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் வேண்டியது உள்ளேதான்.

தேய்மானம் பார்க்கக் கருவி வாங்க வேண்டியதில்லை, ஒரு ஸ்டீல் ஸ்கேல் போதும். செயினை இழுத்துப் பிடித்து, ஒரு பின்னின் நடுவில் பூஜ்யத்தை வையுங்கள். அதிலிருந்து 24-வது பின்னின் நடு சரியாக 12 அங்குலத்தில், அதாவது 304.8 மில்லிமீட்டரில் இருக்க வேண்டும். 11, 12 ஸ்பீடு (பின்னால் அத்தனை பல்சக்கரம்) செயின் 306.3 வந்தால் மாற்றுங்கள். 8 முதல் 10 ஸ்பீடு என்றால் 307 வரை விடலாம். இதைத் தவறவிட்டால் செயினோடு போகாது, பின்னால் இருக்கும் பல்சக்கரங்களையும் மாற்ற வேண்டிவரும். செலவு மூன்று நான்கு மடங்கு.

சேற்றில் ஓட்டிவிட்டு வாட்டர் சர்வீஸ் கடையில் விடும் பழக்கம் இங்கே நிறையப் பேருக்கு உண்டு. அந்த அழுத்தத்தில் தண்ணீர் ஹப், பெடல் அச்சு, ஹேண்டில்பார்க் கழுத்து எல்லாவற்றின் பேரிங்குக்குள்ளும் போய் கிரீஸைக் கழுவிவிடும். வாளித் தண்ணீர், பழைய பிரஷ், கொஞ்சம் பாத்திரம் கழுவும் சோப்பு போதும்.

கியர் திடீரென்று தாறுமாறாக விழுந்தால் கேபிளைத் திருகும் முன் சைக்கிளின் பின்னால் நின்று பாருங்கள். செயினை நகர்த்திக் கியர் மாற்றும் டீரெய்லரைத் தாங்கும் அந்தச் சின்ன அலுமினியக் காது, ஹேங்கர், ஒரு விழுதலில் உள்பக்கம் வளைந்திருக்கும். சைக்கிள் மாடலுக்கு மாடல் அது வேறு. வாங்கும்போதே ஒன்று கூடுதலாக வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், பிறகு தேடினால் கிடைப்பது கடினம். பெடல் மாட்டும்போது இடது பெடலின் மரை தலைகீழ் என்பதும் நினைவிருக்கட்டும்.

உடம்புக்கு

பைக் ஹெல்மெட்டில் இருக்கும் ஐஎஸ் 4151 முத்திரை மோட்டார் வாகனங்களுக்கானது. அதை மாட்டிக்கொண்டு மலை ஏறினால் வெக்கையில் மயக்கம் வரும், கழற்றிக் கைப்பிடியில் தொங்கவிடுவீர்கள். சைக்கிள் ஹெல்மெட்டில் பார்க்க வேண்டியது இஎன் 1078 அல்லது சிபிஎஸ்சி முத்திரை. பிடரியைக் கீழ்வரை மூடும் மலைச் சைக்கிள் வகை நல்லது. உள்ளே இருப்பது தெர்மாகோல் இனம், ஒருமுறை நசுங்கி அடியை வாங்குவதுதான் அதன் வேலை. அதனால் பலமாக அடிபட்ட ஹெல்மெட் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் தூக்கிப் போடுங்கள். பழைய ஹெல்மெட்டைக் குறைந்த விலைக்கு வாங்கக் கூடாது என்பதும் இதனால்தான்.

போட்டால் புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளி, காதுக்குக் கீழே வார்கள் சேர்ந்து, தாடைக்கும் வாருக்கும் நடுவே ஒரு விரல். வாரைப் பூட்டும் முன் தலையைக் குலுக்கினால் ஹெல்மெட் கூடவே வர வேண்டும். நெற்றி தெரிய ஏற்றிப் போடுவது போடாததற்குச் சமம். வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவைக்காதீர்கள். வியர்வை உப்பைச் சாதாரணத் தண்ணீரிலும் சோப்பிலும் கழுவி நிழலில் உலர்த்துங்கள்.

அடுத்தது முழுவிரல் கையுறை. விழுகிறவர் எல்லாரும் முதலில் ஊன்றுவது கையைத்தான். பிறகு முட்டிக்காப்பு. கடையில் நின்று பார்க்காமல், குந்தி எழுந்து, பெடல் மிதிப்பதுபோல் காலை மடக்கிப் பாருங்கள். காப்பு நழுவிக் கீழே இறங்கினால் அது வேண்டாம். கண்ணுக்கு வெள்ளைக் கண்ணாடி ஒன்றும் வேண்டும், உண்ணிச்செடிக் கிளை முகத்தில் அடிக்கும்.

காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் போகக் கூடாது. எஸ்டேட் பாதையிலும் கோத்தகிரிப் பக்கம் காட்டெருமை, கரடி சாதாரணமாக நடமாடும். சைக்கிள் சத்தமில்லாமல் வருவதால் வளைவில் அவற்றுக்கு நாம் வருவது தெரியாது. மிரண்டால் பாய்ந்துவிடும். விடிந்து வெயில் வந்த பிறகு கிளம்பி, இருட்டும் முன் சாலைக்கு வந்துவிடுங்கள். கைப்பிடியில் ஒரு சாதாரண மணியை மாட்டி, கண் எட்டாத வளைவுக்கு முன்னால் நன்றாக அடியுங்கள். பிரேக் லீவரிலிருந்து விரலை எடுக்காமலே கட்டைவிரல் எட்டுகிற இடத்தில் அது இருக்க வேண்டும்.