புகை நாற்றம் ஏறிய தோல் ஜாக்கெட்டை மீட்கும் வழி

கடைக்கு யாராவது பழைய தோல் ஜாக்கெட்டைக் கொண்டுவந்து, “சிகரெட் நாற்றம் போகவே மாட்டேன் என்கிறது” என்று சொன்னால், நான் முதலில் பார்ப்பது சட்டைப்பையின் அடித்தையலைத்தான். பையை வெளியே இழுத்து, அடியில் இருக்கும் மடிப்பை நகத்தால் கீறிப் பார்ப்பேன். பெரும்பாலும் பழுப்பு நிறத்தில் புகையிலைத் தூள் உதிரும். சில சமயம் நசுங்கிய பீடித் துண்டு ஒன்றும் கூட வரும். அந்தத் தூள் உள்ளே இருக்கும்வரை வெளியே எதைத் தெளித்தாலும் பயனில்லை. ஜாக்கெட்டைச் சுத்தம் செய்யும் வேலை அந்த மடிப்பிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

நான் ராணிப்பேட்டைக்காரன். அப்பா தோல் பதனிடும் டேனரியில் வேலை பார்த்தவர். நான் தோல் ஆடை தைக்கும் பிரிவில் பல வருடம் இருந்துவிட்டு, இப்போது பழைய ஜாக்கெட், கைப்பை, செருப்பு என்று தோல் பொருள்களைச் சரிசெய்து கொடுக்கிறேன். இந்த நாற்ற விஷயத்தில் என் முதல் பாடம் ஒரு நஷ்டத்தில்தான் கிடைத்தது.

என் அண்ணன் வடநாட்டுக்கு லாரி ஓட்டினார். குளிருக்காக ஒரு கறுப்புத் தோல் ஜாக்கெட் வாங்கியிருந்தார். இரவெல்லாம் கண்ணாடியை ஏற்றிவிட்டு பீடி பிடித்துக்கொண்டே ஓட்டுவார். 1998 மே மாதம் அண்ணிக்குக் குழந்தை பிறந்தது. “அந்த ஜாக்கெட்டோடு பிள்ளையைத் தூக்கக்கூடாது” என்று அண்ணி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நான் உதவி செய்வதாக நினைத்து, வாளித் தண்ணீரில் சலவை சோடாவைக் கரைத்து ஜாக்கெட்டை முக்கி, பிரஷ் போட்டுத் தேய்த்து, மொட்டை மாடியில் வெயிலில் காயப்போட்டேன். மாலையில் போய்ப் பார்த்தபோது கை இரண்டும் அப்பளம் போல விறைத்து நின்றன. மடித்த இடத்தில் மேல்பூச்சு வெடித்திருந்தது. நாற்றமும் போகவில்லை.

அப்பா அதைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்தார். கோபப்படவில்லை. “தோல் அமிலத்தில் ஊறி வந்த பொருளடா. அதற்குப் போய் காரத்தைக் கொடுத்துவிட்டாயே” என்றார். பதனிடுவதற்கு முன்னால் தோலை உப்பிலும் அமிலத்திலும் ஊறவைப்பார்கள். முடிந்த தோலிலும் லேசான அமிலத்தன்மை தங்கியிருக்கும். சலவை சோடாவும் துணி சோப்பும் அதற்கு நேர் எதிர். அவை தோலின் உள்ளே இருக்கும் எண்ணெய்ப் பசையை உருவி எடுக்கின்றன. மிச்சம் இருந்ததை வெயில் எடுத்துக்கொண்டது. அந்த ஜாக்கெட்டை மீட்க முடியவில்லை. அதன் பித்தளை ஜிப்பை மட்டும் அண்ணன் கழற்றி வைத்துக்கொண்டார்.

நாற்றம் என்பது காற்றில் மிதக்கும் ஏதோ ஒன்று அல்ல. அது பொருள். புகையிலைப் புகையில் இருக்கும் துகள்களில் பெரும்பாலானவை ஒரு மைக்ரானுக்கும் சிறியவை. தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான் என்றால், அவை எவ்வளவு நுண்ணிய இடுக்குக்குள்ளும் போய் உட்காரும் என்று யோசித்துப் பாருங்கள். தாரும் நிக்கோட்டினும் பிசின் போல ஒட்டிக்கொள்கின்றன. வியர்வையோ வெயிலோ பட்டால் அந்தப் பிசின் இளகி மறுபடி வாசனை விடுகிறது. சென்ட் அடித்தால் அரை நாள் மறையும், பிறகு இரண்டும் சேர்ந்து வரும். ஆகவே மூடுவதை விட்டுவிட்டு எடுப்பதைப் பற்றி மட்டும் யோசிக்க வேண்டும்.

எதை வைத்து எடுப்பது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். நிக்கோட்டின் காரத்தன்மை உடையது. பழைய புகையின் அந்தக் கசந்த வாடையைத் தரும் பிரிடின் வகைப் பொருள்களும் அப்படியே. அமிலத்தைச் சந்தித்தால் இவை தண்ணீரில் எளிதாகக் கரையும் உப்பாக மாறும். அதனால் புகைக்கு வெள்ளை வினிகர். வியர்வை நாற்றத்தில் அமிலங்களே அதிகம். அதற்குச் சமையல் சோடா. இரண்டையும் ஒரே நேரத்தில் கலந்தால் நுரைக்கும், பார்க்க வேலை நடப்பது போலத் தெரியும். உண்மையில் ஒன்றையொன்று செயலிழக்கச் செய்துவிடும். வினிகரை பிளீச்சிங் திரவத்தோடு மட்டும் எந்தக் காலத்திலும் சேர்த்துவிடாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும். குளியலறையின் மூடிய கதவுக்குள் அது உயிருக்கே ஆபத்து.

சாதாரணத் துணிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பருத்திச் சட்டை, பேன்ட், போர்வை எதுவானாலும் முதலில் உதறி அரை நாள் வெளியே காற்றாடப் போடுங்கள். பிறகு பத்து லிட்டர் தண்ணீரில் கால் லிட்டர் வெள்ளை வினிகர் ஊற்றி ஒரு மணி நேரம் ஊறவைத்து, பிழிந்து, அதன்பின் வழக்கமான சோப்புத் தூளில் வெதுவெதுப்பான தண்ணீரில் துவையுங்கள். சாயம் போகுமா என்று ஓர் ஓரத்தில் முன்னதாகப் பார்த்துக்கொள்ளுங்கள். நல்ல வெயிலில் காயட்டும். காய்ந்ததும் முகர்ந்து பாருங்கள். வாடை துளி இருந்தாலும் இஸ்திரி போடக்கூடாது, மறுபடி ஊறவைக்க வேண்டும். சூடு பட்டால் மிச்சமிருக்கும் பிசின் இழையோடு இறுகிவிடும். பாலியஸ்டர் எண்ணெய்ப் பசையை விடாமல் பிடித்துக்கொள்ளும் துணி, அதனால் இரண்டு முறை ஊறவைத்தால்தான் வழிக்கு வரும்.

பட்டுக்கும் கம்பளிக்கும் சோடா ஆகாது. சரிகை உள்ள புடவையை வினிகரிலும் முக்காதீர்கள், சரிகை கறுத்துவிடும். நிழலில், காற்று வரும் அறையில், இரண்டு மூன்று நாள் மடிப்பு மாற்றி மாற்றிப் போட்டு வையுங்கள். கம்பளிச் சால்வைக்குப் பூந்திக்கொட்டை போல வேறொன்று இல்லை. ஐந்தாறு கொட்டையின் தோலை ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, காலையில் கசக்கி வடிகட்டி, அதில் முறுக்காமல் பிழியாமல் அலசி எடுங்கள்.

இனி ஜாக்கெட். இதற்குக் குறைந்தது பத்து நாள் ஒதுக்குங்கள். அவசரம் என்றால் தொடாமல் இருப்பதே நல்லது.

தோள் அகலமான ஹேங்கரில் மாட்டி, ஜிப்பைத் திறந்து, எல்லாப் பைகளையும் வெளியே இழுத்து, நிழலில் காற்று வரும் இடத்தில் மூன்று நாள் தொங்கவிடுங்கள். மழைக்காலத்தில் வெளியே வேண்டாம், ஃபேன் ஓடும் அறை போதும். பைகளின் அடித்தையலைப் பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்து, தூள் முழுவதையும் வெளியேற்றுங்கள். உள்பை ஒன்று மார்புப் பக்கம் இருக்கும், அதை மறந்துவிடுபவர்கள் அதிகம். சிகரெட் பாக்கெட் குடியிருந்ததே அங்குதான்.

அடுத்தது லைனிங். நாற்றத்தின் பெரும்பகுதி தோலில் இல்லை, உள்ளே இருக்கும் இந்தத் துணியில்தான் இருக்கிறது. ஒரு பங்கு வினிகர், மூன்று பங்கு தண்ணீர். அதில் வெள்ளைப் பருத்தித் துணியை நனைத்து, சொட்டு விழாத அளவுக்கு முறுக்கிப் பிழியுங்கள். வெள்ளைத் துணி என்பது முக்கியம். கையின் லைனிங்கை உட்புறம் வெளியே வரும்படி இழுத்துவிட்டு, அக்குளிலிருந்து மணிக்கட்டு வரை ஒரே திசையில் ஒற்றித் துடையுங்கள். நல்ல புகைப் பிடித்த ஜாக்கெட் என்றால் மூன்றாவது இழுப்பிலேயே துணியில் தேநீர்ச் சாயம் போல ஒரு மஞ்சள் பழுப்பு ஏறும். காலரின் பின்பக்கம் இன்னும் கறுப்பாக வரும். துணியை அலசி, புதிய கரைசலில் நனைத்து, அந்த நிறம் வருவது நிற்கும்வரை தொடருங்கள். நான் ஒருமுறை ஒரே ஜாக்கெட்டுக்கு ஆறு கிண்ணம் தண்ணீர் மாற்றியிருக்கிறேன். கடைசியில் வெறும் தண்ணீரில் ஒரு துடைப்பு. ஈரம் தோலுக்கு இறங்காதபடி எப்போதும் லைனிங்குக்குப் பின்னால் உலர்ந்த துண்டு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஃபேனுக்கு எதிரே ஓர் இரவு முழுக்க உலரட்டும். ஹேர் டிரையர், இஸ்திரிப் பெட்டி இரண்டும் இந்தப் பக்கமே வரக்கூடாது. மரப்பட்டையில் பதனிட்ட தோல் ஈரமாக இருக்கும்போது எழுபது எண்பது டிகிரிச் சூட்டிலேயே சுருங்கத் தொடங்கிவிடும்.

அக்குளில் வியர்வை வாடையும் இருந்தால், லைனிங் முழுதும் உலர்ந்த பிறகு, அந்த இடத்தில் மட்டும் சமையல் சோடாவைத் தூவி இரவு வைத்து, காலையில் பிரஷால் தட்டி எடுங்கள். ஈரத்தில் தூவினால் பசையாகிப் படிந்துவிடும். தோலின் மேல்பக்கத்தில் தூவவே வேண்டாம். காரணத்தை அப்பா சொல்லிவிட்டார்.

தோலின் மேல்பக்கத்தைத் தொடுவதற்கு முன், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சொட்டு முத்துப் போல நின்றால் மேல்பூச்சு இருக்கிறது, துடைக்கலாம். உடனே உறிஞ்சி இருண்டால் பூச்சு இல்லாத தோல். அதையும், ஸ்வேட் எனப்படும் சொரசொரப்பான தோலையும் தண்ணீரால் தொடாதீர்கள். ஸ்வேட்டுக்கு மென்மையான பிரஷும் காற்றும் கீழே சொல்லும் கரியும் மட்டும்தான்.

பூச்சுள்ள தோலுக்கு ஒரு பங்கு வினிகருக்கு ஐந்து பங்கு தண்ணீர் போதும். நன்றாகப் பிழிந்த துணியால், ஒரு தையலில் தொடங்கி அடுத்த தையல் வரை ஒரே மூச்சில் துடைக்க வேண்டும். பாதியில் நிறுத்தினால் காய்ந்த பிறகு அங்கே கோடு விழும். ஜாக்கெட்டில் ஒவ்வொரு துண்டும் தனித் தோல் என்பதால், தையலில் நிறுத்தினால் கண்ணுக்குத் தெரியாது. உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். சானிடைசர், சர்ஜிக்கல் ஸ்பிரிட் இரண்டையும் தொடாதீர்கள், நாற்றத்துக்கு முன்னால் மேல்பூச்சு கழன்று வந்துவிடும்.

இத்தனைக்குப் பிறகும் மிச்சமிருப்பதைக் கரி எடுக்கும். அடுப்புக் கரி அல்ல, முடுக்கப்பட்ட கரி. ஆக்டிவேட்டட் சார்கோல் என்று கேட்டால் மீன்தொட்டிக் கடையில்கூடக் கிடைக்கும். தேங்காய்த் தொட்டியில் செய்தது நல்லது. அதில் ஒரே ஒரு கிராமின் உள்துளைகளை விரித்துப் பார்த்தால் பரப்பு ஐந்நூறு சதுர மீட்டருக்கு மேல் வரும். வாடை போய் ஒட்டிக்கொள்ள அவ்வளவு இடம் இருக்கிறது. கால் கிலோவைப் பழைய வேட்டித் துணியில் இரண்டு மூன்று பொட்டலமாகக் கட்டி, ஜாக்கெட்டோடு ஒரு மூடிய அட்டைப் பெட்டியில் ஒரு வாரம் வையுங்கள். வெளிர்நிறத் தோல் என்றால் பொட்டலம் அதில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வினிகர் தோலைக் கொஞ்சம் உலர்த்தியிருக்கும். கடைசியாகத் தோலுக்கென்றே விற்கும் கிரீமை மிக மெல்லியதாகத் தடவி, ஒரு மணி நேரம் கழித்துத் துடையுங்கள். நம் வீடுகளில் தேங்காய் எண்ணெயை எடுத்துத் தடவிவிடுகிறார்கள். அது தோலில் திட்டுத்திட்டாக இருளும். ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும் எண்ணெய் என்பதால், ஊட்டிக்குப் போட்டுக்கொண்டு போனால் மடிப்புகளில் வெள்ளையாகப் பூத்து நிற்கும்.

பல வருடப் புகை என்றால் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுவேன்: லைனிங்கையும் தோள்பட்டைப் பஞ்சையும் மாற்றிவிடுங்கள். பஞ்சுக்குள் போன புகையை யாராலும் எடுக்க முடியாது. கீழ்விளிம்பைப் பிரித்துப் புது லைனிங் போட, தோல் தைக்கத் தெரிந்த தையல்காரருக்கு இரண்டு நாள் வேலை. தோல் நன்றாக இருக்கும்போது முழு ஜாக்கெட்டையும் தூக்கி எறிய எனக்கு மனம் வருவதில்லை. ஒரு மாட்டின் தோல், எத்தனையோ பேரின் உழைப்பு.

புகை அல்லாமல் பூஞ்சை வாடை என்றால் காரணம் பெரும்பாலும் பிளாஸ்டிக் உறைதான். சென்னையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை உறைக்குள் மூடி வைத்த ஜாக்கெட் ஜனவரியில் வெள்ளைப் புள்ளிகளோடு வெளியே வரும். வீட்டுக்குள் தட்டாதீர்கள், வெளியே போய் மூக்கை மூடிக்கொண்டு உலர்ந்த பிரஷால் எடுத்துவிட்டு, மேலே சொன்னபடி வினிகர் தண்ணீரால் துடைத்து நிழலில் உலர்த்துங்கள். இனிமேல் பருத்தித் துணி உறை மட்டும் போடுங்கள்.

அலமாரியில் அந்துருண்டை போடும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அந்த வாடையை எடுப்பது புகையைவிடக் கடினம். அதைவிட முக்கியமானது, அந்துருண்டையின் நாப்தலின் வாடை ஏறிய துணியைச் சுற்றி வைத்தால், பிறவியிலேயே ஜி6பிடி என்ற நொதியின் குறைபாடு உள்ள பச்சிளம் குழந்தைகளுக்கு இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து ஆபத்தாகலாம். பூச்சிக்கு வேப்பிலையும் வசம்பும் இருக்கின்றன.

வேலை முடிந்ததா என்று பார்க்க, ஜாக்கெட்டை ஒரு சுத்தமான பையில் போட்டு இறுக்கிக் கட்டி ஓர் இரவு வையுங்கள். காலையில் காபி குடிப்பதற்கு முன் பையைத் திறந்து முதல் மூச்சிலேயே முகர வேண்டும், இரண்டாவது மூச்சில் மூக்கு பழகிவிடும். புகை பிடிப்பவர் இதைச் செய்யக்கூடாது, அவருக்குத் தெரியாது. பத்து நாள் அதோடே இருந்த எனக்கும் தெரியாது. அதனால் பையை மகளிடம் நீட்டுவேன். “தோல் வாசனை மட்டும்தான் வருகிறது அப்பா” என்று அவள் சொன்ன பிறகே கொண்டுவந்தவருக்குத் தொலைபேசியில் தகவல் சொல்கிறேன்.