ஷோரூம் கடனை வங்கிக்கு மாற்றும் முன் போட வேண்டிய கணக்கு

சேலம் ஓமலூர் சாலையில் உள்ள ஒரு ஷோரூமில் கார் எடுத்தபோது, விற்பனையாளர் விலைப்பட்டியலின் பின்பக்கத்தில் மூன்று எண்களை எழுதிக் காட்டினார்: கடன் 8 லட்சம், வட்டி 7%, மாதத் தவணை 18,000. அவர்கள் ஏற்பாடு செய்யும் ஃபைனான்சிலேயே கடன் வாங்கினால் 25,000 ரூபாய் தள்ளுபடி என்று அடியில் எழுதி வட்டமும் போட்டார். வங்கியில் 9.25% கேட்டிருந்தார்கள் என்பதால், 7% குறைவுதானே என்று நானும் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஓராண்டு கழித்து அந்தக் கடனை வங்கிக்கு மாற்றலாமா என்று நான் போட்டுப் பார்த்த கணக்கையும், ஏற்காட்டில் இருக்கும் என் மைத்துனர் தம் ஜீப் கடனை மாற்றியபோது அவருடன் அலைந்து தெரிந்துகொண்டவற்றையும் முதல்முறை கடன் வாங்கியவர்களுக்காக வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: உங்கள் உண்மையான வட்டியைக் கண்டுபிடியுங்கள்

எனக்குச் சொல்லப்பட்ட 7% ஃபிளாட் வட்டி. மாதாமாதம் அசலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வந்தாலும், ஐந்தாண்டு முழுவதும் 8 லட்சமும் நம் கையிலேயே இருப்பதாக வைத்துக்கொண்டு போடும் வட்டி இது. ஆண்டுக்கு 56,000 வீதம் 2,80,000 சேர்ந்து மொத்தம் 10,80,000 ஆகிறது. 60 மாதத்துக்குப் பிரித்தால் 18,000. குறையும் நிலுவைக்கு மட்டும் வட்டி போடும் வங்கி முறையில் பார்த்தால், இதே தவணை ஏறத்தாழ 12.5% வட்டிக்குச் சமம். வங்கியின் 9.25% குறையும் நிலுவைக்கானது. அதில் தவணை சுமார் 16,700 தான் வந்திருக்கும். ஐந்தாண்டில் வித்தியாசம் 77,000 ரூபாய்க்கும் மேல். ஆக, 25,000 தள்ளுபடியை நான் 77,000 கொடுத்து வாங்கியிருக்கிறேன்.

2024 அக்டோபர் 1 முதல், கார் கடன் உட்படத் தனிநபர்கள் வாங்கும் கடன்களுக்கு வங்கியும் நிதி நிறுவனமும் முக்கிய விவர அறிக்கை ஒன்றைத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கட்டணங்களையும் சேர்த்துக் கணக்கிட்ட ஆண்டு விகிதம் அதில் இருக்கும். வாய்ச்சொல்லை விட்டுவிட்டு அந்த எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

தள்ளுபடிக்குப் பதிலாகக் குறைந்த வட்டியையே சலுகையாக வாங்கியவர்களும் உண்டு. அந்த அறிக்கையிலும் உங்கள் விகிதம் வங்கியைவிடக் குறைவாக இருந்தால், இதற்கு மேல் படிக்க வேண்டியதில்லை. தவணையைக் கட்டி வாருங்கள்.

படி 2: முன்கூட்டியே முடிப்பதற்கான கட்டணத்தைப் பாருங்கள்

ஒப்பந்தத்தில் ஃபோர்குளோஷர் என்ற தலைப்பைத் தேடுங்கள். குறைந்தது இத்தனை தவணை கட்டிய பிறகே கடனை முடிக்கலாம் என்ற நிபந்தனை உண்டா, மீதி அசலில் எத்தனை சதவீதம் கட்டணம், அதன்மேல் 18% ஜி.எஸ்.டி. உண்டா என்ற மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். ஷோரூமில் கையெழுத்திட்ட புக்கிங் படிவத்தையும் ஒருமுறை புரட்டுங்கள். கடனைச் சீக்கிரம் முடித்தால் தள்ளுபடியைத் திருப்பித் தர வேண்டும் என்ற வரி அதில் இருந்தால், அந்தத் தொகையும் செலவுக் கணக்கில் சேரும்.

மாறும் வட்டியில், தொழில் நோக்கமின்றித் தனிநபர் வாங்கிய கடனாக இருந்து, 2026 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ அனுமதிக்கப்பட்டிருந்தால் இந்தக் கட்டணமே வாங்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருக்கிறது. நிலையான வட்டிக்கு இந்த விலக்கு கிடையாது. ஷோரூம் வழியாக வரும் கடன்களில் பெரும்பாலானவை நிலையான வட்டிதான்.

படி 3: கணக்கைப் போடுங்கள்

இதில் அவசரப்படாதீர்கள். 12 தவணை கட்டிய பிறகு என் மீதி அசல் சுமார் 6,77,000. அதை 9.25% வட்டியில் மீதி 48 மாதத்துக்கே மாற்றினால் தவணை ஏறத்தாழ 16,930. மாதம் 1,070 வீதம் மொத்த மிச்சம் 51,000 சொச்சம். என் ஒப்பந்தத்தில் கட்டணம் 5%, அதாவது 33,850, ஜி.எஸ்.டி. சேர்த்தால் ஏறக்குறைய 39,940. புதிய வங்கியின் பரிசீலனைக் கட்டணம், முத்திரைத்தாள், ஆர்.டி.ஓ. செலவு எல்லாவற்றுக்கும் 8,000 ஒதுக்கினால் கையில் நிற்பது மூவாயிரத்துச் சொச்சம். நாலு நாள் லீவு போட்டு அலைவதற்கு அது கட்டாது என்று நான் மாற்றவில்லை. இதே கணக்கில் கட்டணம் 2% ஆக இருந்தால் மிச்சம் 27,000 ரூபாய்க்கும் மேல். மைத்துனரின் ஒப்பந்தத்தில் 2% தான் இருந்தது, அவர் மாற்றினார்.

புதிய வங்கியில், “அறுபது மாதமாகப் போட்டுக்கொள்ளுங்கள், தவணை 14,140 தான் வரும்” என்பார்கள். தவணை குறைவது உண்மைதான், ஆனால் கட்டி முடிக்கும் மொத்தத் தொகை 8,48,000 ஆகிவிடும். பழைய கடனிலேயே இன்னும் கட்ட வேண்டியது 8,64,000 தான் என்பதால், செலவுகளைக் கழித்தால் நஷ்டம். மீதி மாதங்கள் எத்தனையோ அத்தனைக்கே புதிய கடனைக் கேளுங்கள்.

படி 4: புதிய வங்கியில் கேளுங்கள்

விளம்பரத்தில் இருப்பது புது வண்டிக்கான வட்டி. ஓடிக்கொண்டிருக்கும் வண்டியின் கடனை மாற்றும்போது சில வங்கிகள் பழைய வண்டிக்கான வட்டியைப் போடுகின்றன. அது கூடுதலாக இருக்கும். எனவே கடன் மாற்றத்துக்கு என்ன வட்டி என்பதை எழுத்தில் வாங்கிய பிறகே விண்ணப்பியுங்கள். ஒரே வாரத்தில் ஐந்தாறு இடங்களில் விண்ணப்பம் போட்டால் சிபில் மதிப்பெண் (நாம் கடனை எப்படிக் கையாள்கிறோம் என்று வங்கிகள் பார்க்கும் எண்) குறையலாம். ஆர்.சி., காப்பீடு, வருமானச் சான்று, இதுவரை தவணை கட்டிய கணக்கு அறிக்கை ஆகியவற்றைக் கையில் வைத்திருங்கள்.

படி 5: பழைய கடனை முடியுங்கள்

பழைய நிறுவனத்திடம் கடனை முடிப்பதற்கான தொகைக் கடிதம் கேளுங்கள். அதில் உள்ள தொகை குறிப்பிட்ட தேதி வரைதான் செல்லும். தேதி தாண்டினால் நாள்கணக்கில் வட்டி ஏறும். மாதத் தவணை பிடித்த மறுநாளே இதைக் கேட்பது வசதி. கடனோடு சேர்த்து ஆயுள் காப்பீடு ஒன்றை உங்கள் தலையில் கட்டியிருந்தால், மீதிக் காலத்துக்கான பிரீமியத்தில் எவ்வளவு திரும்பும் என்பதையும் அப்போதே கேளுங்கள். பணத்தைப் புதிய வங்கியே நேரடியாகச் செலுத்திவிடும். அதன் பிறகு பழைய தானியங்கிப் பிடித்தத்தை ரத்து செய்யுங்கள். முந்திக்கொண்டு ரத்து செய்தால் இடையில் ஒரு தவணை பிடிக்க முடியாமல் தவறிப்போகும் ஆபத்து உண்டு.

படி 6: ஆர்.சி.யில் கடன் கொடுத்தவர் பெயரை மாற்றுங்கள்

பழைய நிறுவனத்தின் தடையில்லாச் சான்றும், இருதரப்புக் கையெழுத்தும் உள்ள படிவம் 35 இரண்டு பிரதிகளும் எச்.பி. கேன்சல் செய்ய, அதாவது ஆர்.சி.யில் உள்ள பழைய கடன் பதிவை நீக்கத் தேவை. புதிய வங்கியின் பெயரை ஏற்றுவதற்குப் படிவம் 34. அரசின் வாகனச் சேவைத் தளமான பரிவாகனில் விண்ணப்பித்து, வண்டி பதிவாகியுள்ள ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கே போக வேண்டும், டி.என். 30 என்றால் சேலம் மேற்கு, டி.என். 54 என்றால் கிழக்கு. மைத்துனர் படிவம் 35-இன் ஒரு பிரதியில் மட்டும் நிறுவனத்தின் முத்திரை விழாததைக் கவனிக்காமல் வந்துவிட்டார். அந்த ஒரு முத்திரைக்காக ஏற்காட்டு மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இன்னொரு முறை ஏறி இறங்க வேண்டியதாயிற்று. கவுன்ட்டரிலேயே நின்று இரண்டு பிரதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

புதிய ஆர்.சி. வந்ததும் அதன் நகலைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பி, பாலிசியிலும் கடன் கொடுத்தவர் பெயரை மாற்றச் சொல்லுங்கள். இரண்டு மாதம் கழித்து சிபில் அறிக்கையை எடுத்து, பழைய கடன் முடிந்ததாகப் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பதிவாகவில்லையென்றால் தடையில்லாச் சான்றின் நகலை இணைத்துப் பழைய நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள்.