மொரிஸ் மைனர் ஸ்டார்ட் ஆகவில்லையா? கபரேட்டரைக் கழற்றாதீர்கள், முதலில் இதைப் பாருங்கள்

பழைய கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்றதும் ஆட்கள் முதலில் கைவைப்பது கபரேட்டரில்தான். தயவுசெய்து அதை விடுங்கள். திருகோணமலையில், அதுவும் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடலுக்குக் கிட்ட நிற்கிற கார் என்றால், கோளாறு பெரும்பாலும் கரண்ட் பக்கம்தான் இருக்கும். பற்றரி முனையில் பூத்த உப்பு, துருவேறின எர்த் வயர் (பற்றரியிலிருந்து பொடிக்கு, அதாவது காரின் இரும்புக் கூட்டுக்குப் போகிற வயர்), மாரி ஈரம் ஏறின டிஸ்ட்ரிபியூட்டர் (ஸ்பார்க்கை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்துக் கொடுக்கிற பெட்டி) மூடி, இவைதான் வழமை. ஒரு காய்ந்த துணியும் எமரித்தாளும் போதும், அரைவாசிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

மொரிஸ் மைனர் 1000ஐ வைத்தே சொல்கிறேன். ஒஸ்டின் ஏ40 ஃபரினாவிலும் அதே ஏ சீரிஸ் என்ஜின்தான் என்பதால் பெரும்பாலானது அதற்கும் பொருந்தும்.

முதல் கேள்வி ஒன்றுதான்: என்ஜின் சுற்றுகிறதா, இல்லையா? சுற்றவில்லை என்றால் பிளக்கையும் பெற்றோலையும் இப்போதைக்கு மறந்துவிடுங்கள். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு ஸ்டாட்டரை அடியுங்கள். லைட் செத்துப் போனால் ஒன்று பற்றரியில் சார்ஜ் இல்லை, அல்லது எங்கோ இணைப்பு கெட்டிருக்கிறது. உடனே பற்றரி முனைகளைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருக்கிற முனைதான் குற்றவாளி. கழற்றி, வெந்நீரில் அப்பச்சோடா கரைத்து ஊற்றிக் கழுவி, பளபளப்பாகத் தேய்த்து, இறுக்கிப் பூட்டி, மேலே கொஞ்சம் வாஸ்லின் பூசுங்கள். லைட் கொஞ்சமும் மங்காமல் அப்படியே எரிந்தால் ஸ்டாட்டருக்குக் கரண்டே போகவில்லை, ஸ்விட்சையோ சொலினொய்டையோ (ஸ்டாட்டருக்குக் கரண்டைத் திறந்துவிடுகிற மின்காந்த ஸ்விட்ச்) பாருங்கள்.

என்ஜினுக்கும் பொடிக்கும் இடையில் ஒரு எர்த் பட்டி இருக்கிறது, அதைப் பலர் மறந்தே போகிறார்கள். கீழே கிடப்பதால் உப்பு அதைத்தான் முதலில் தின்னும். ஸ்டாட்டர் அடிக்கும்போது சோக் கேபிள் சூடாகிறது என்றால் வேறு எதையும் தேட வேண்டாம், எர்த் பட்டி போய்விட்டது, கரண்ட் கேபிள் வழியாக வழி தேடுகிறது.

பற்றரி உண்மையாகவே இறங்கியிருந்து இன்னொரு வாகனத்திலிருந்து கரண்ட் எடுக்கப் போகிறீர்களா? நில்லுங்கள். கம்பனியிலிருந்து வந்தபடியே இருக்கிற மைனரில் பொசிட்டிவ்தான் எர்த். பின்னாளில் சிலர் மாற்றியிருப்பார்கள், ஆகவே எந்த முனையிலிருந்து வயர் பொடிக்குப் போகிறது என்று கண்ணால் பார்த்து உறுதிப்படுத்துங்கள். பொசிட்டிவை பொசிட்டிவுக்கும் நெகட்டிவை நெகட்டிவுக்கும் கொடுங்கள், ஆனால் இரண்டு வாகனங்களின் பொடியும் ஒன்றோடொன்று முட்டவே கூடாது. இப்போதைய வாகனங்களில் நெகட்டிவ்தான் எர்த் என்பதால், பம்பரோடு பம்பர் தொட்டால் பற்றரி நேரே ஷோர்ட் ஆகும்.

பற்றரி நல்லது, 'டக்' என்று ஒரு சத்தம், பிறகு அமைதி என்றால் ஸ்டாட்டர் பினியன் (ஸ்டாட்டரின் சின்னப் பல்சக்கரம்) என்ஜின் சக்கரத்தின் பல்லில் சிக்கியிருக்கலாம். சாவியை எடுத்துவிட்டு, நாலாம் கியரில் போட்டு, சமதரையில் காரை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். பெரும்பாலும் விடுபடும். இல்லாவிட்டால் ஸ்டாட்டர் மோட்டரின் முனையில் சதுரமாக ஒரு துண்டு இருக்கும், அதை ஸ்பனரால் திருப்பலாம்.

சரி, என்ஜின் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை. இப்போது ஸ்பார்க்கைப் பாருங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் நடுவில் வருகிற தடித்த வயரை இழுத்தெடுத்து, அதன் நுனியை என்ஜின் இரும்பிலிருந்து 6 மில்லிமீற்றர் தள்ளிப் பிடித்து (வெறுங்கையால் இல்லை, ரப்பர் பிடியுள்ள குறட்டால்) ஒருவரைச் சுற்றச் சொல்லுங்கள். பக்கத்தில் பெற்றோல் ஒழுக்கு இருக்கக் கூடாது. நீலமாக, 'சடக் சடக்' என்று பாய்ந்தால் கொயிலும் (பற்றரி வோல்ட்டை ஸ்பார்க்குக்கு ஏற்றுவது) பொயின்ற்றும் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் கரண்டை வெட்டி வெட்டி விடுகிற சின்ன ஸ்விட்ச்) நல்லது, கோளாறு மூடியிலோ ரோட்டரிலோ (மூடிக்குள் சுழல்கிற துண்டு) பிளக் வயர்களிலோ இருக்கிறது. மூடியின் உட்பக்கத்தைத் துடையுங்கள், மயிர்போல் கறுப்புக் கோடு தெரிந்தால் அது வெடிப்பு, மூடியை மாற்றத்தான் வேண்டும். ரோட்டரைச் சோதிக்க ஒரு நல்ல வழி இருக்கிறது: மூடியைத் திறந்து வைத்து, அதே தடித்த வயரை ரோட்டரின் பித்தளைக்கு மேலே கிட்டப் பிடித்துச் சுற்றுங்கள். ஸ்பார்க் ரோட்டருக்குள் பாய்ந்தால் அதன் காப்பு உடைந்து தண்டுக்குக் கசிகிறது. இப்போது கடைகளில் கிடைக்கிற மலிவான ரோட்டர்களில் இது அடிக்கடி நடக்கிறது, புதிதாகப் போட்டதுதானே என்று நம்பிவிடாதீர்கள்.

நடு வயரிலேயே ஸ்பார்க் இல்லையென்றால் ஒரு சின்ன 12 வோல்ட் பல்பில் இரண்டு வயர் கட்டிக்கொள்ளுங்கள். இக்னிஷனைப் போட்டு, ஒரு வயரை பொடியில் வைத்து, மற்றதைக் கொயிலில் எஸ்டபிள்யூ என்று குறித்த முனையில் வையுங்கள். எரியாவிட்டால் சாவியிலிருந்து கரண்ட் வரவில்லை. எரிந்தால் சிபி முனைக்கு மாறுங்கள். என்ஜின் சுற்றும்போது பல்ப் அணைந்து அணைந்து எரிய வேண்டும். எரிந்தபடியே நின்றால் பொயின்ற் மூடவில்லை, அல்லது முகத்தில் அழுக்கு. எரியவே இல்லையென்றால் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் எங்கோ வயர் பொடியில் தொடுகிறது, அல்லது கொயில் உள்ளே அறுந்திருக்கிறது. பொயின்ற் இடைவெளி 15 தௌ (ஒரு தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று), அதாவது 0.38 மில்லிமீற்றர் அளவு. பிளக் 25 தௌ. பொயின்ற் முகம் கருகிப் போயிருந்து ஸ்பார்க்கும் மஞ்சளாக மெலிந்திருந்தால் கண்டென்சரை (பொயின்ற் கருகாமல் காக்கிற சின்ன உருளை) சந்தேகியுங்கள். ஒரு நேரத்தில் ஒரு சாமானைத்தான் மாற்றுங்கள், இரண்டை மாற்றினால் எது கோளாறு என்று கடைசிவரை தெரியாது.

ஸ்பார்க் இருக்கிறது, அப்புறம்தான் பெற்றோல். சாவியைப் போட்டதும் எஸ்யூ பம்ப் (கரண்டில் ஓடுகிற பெற்றோல் பம்ப்) 'டிக் டிக்' என்று அடித்து, கபரேட்டர் நிறைந்ததும் நிற்க வேண்டும். சத்தமே இல்லாவிட்டால் ஸ்பனர் பிடியால் மெதுவாக ஒரு தட்டு. கனநாள் நின்ற காரில் பம்பின் உள் பொயின்ற் ஒட்டிப் போவது வழக்கம், தட்டினதும் அடிக்கத் தொடங்கினால் சீக்கிரம் கழற்றித் துப்புரவாக்குங்கள். நிற்காமல் வேகமாக அடித்தால் டாங்கியில் பெற்றோல் இல்லை, அல்லது குழாயில் எங்கோ காற்று இழுக்கிறது. இப்படிப் பார்க்கும்போது இக்னிஷனை நெடுநேரம் போட்டு வைக்காதீர்கள், கொயில் கொதித்துவிடும்.

பெற்றோல் மணம் குப்பென்று அடிக்கிறதா? என்ஜின் நனைந்துவிட்டது. சோக்கை உள்ளே தள்ளி, அக்சிலரேட்டரை அடிவரை மிதித்தபடி சுற்றுங்கள். எங்கள் வெயிலில் சூடான என்ஜினுக்குச் சோக் தேவையே இல்லை, பழக்கத்தில் இழுத்து நனைப்பவர்கள்தான் அதிகம்.

கச்சான் வீசுகிற காலத்தில் வேறொரு தொல்லை. டவுனுக்குள் ஓடி வந்து, கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டுத் திரும்ப அடித்தால் பிடிக்காது. பெற்றோல் குழாயிலேயே ஆவியாகிவிட்டது. பொனெட்டைத் திறந்து விட்டு, ஈரத்துணியைப் பம்பிலும் குழாயிலும் சுற்றிக் காத்திருங்கள். குழாய் எக்ஸோஸ்டுக்குக் கிட்டப் போனால் இடத்தை மாற்றிக் கட்டுங்கள்.

பிடித்ததும் உடனே நிறுத்த வேண்டாம். வேகத்தைக் கொஞ்சம் கூட்டினால் டாஷ்போர்டில் சிவப்பு லைட் அணைய வேண்டும். அணையவில்லையென்றால் டைனமோ பற்றரிக்குச் சார்ஜ் கொடுக்கவில்லை, நாளைக் காலையில் பற்றரி மறுபடி இறங்கித்தான் இருக்கும், ஆகவே பெல்ட் இறுக்கத்தையும் டைனமோ வயர்களையும் இன்றைக்கே பாருங்கள்.